வரத்து எங்கே, போக்கு எங்கே?

(தாம்பரம் பக்கத்தில் ஒரு குடியிருப்போர் நலச் சங்கம் நடத்திய பொங்கல் விழாப் பட்டிமன்றம். தலைப்பு: ‘வளரும் நகரத்துக்குத் திட்டம் போட வேண்டியது அரசா, தனியாரா?’ ‘அரசே’ என்ற அணியில் இரண்டாவதாகப் பேசியவரின் உரை.)

நடுவர் அவர்களுக்கும், இரண்டு அணிக்கும், பனியையும் கொசுவையும் பொறுத்துக்கிட்டு உட்கார்ந்திருக்கிற உங்க எல்லாருக்கும் வணக்கம், பொங்கல் வாழ்த்து. நேரா விஷயத்துக்கு வந்துடுறேன். எதிரணி அண்ணன் ஒரு வெடியைக் கொளுத்திப் போட்டுட்டுப் போயிருக்கார், அது இன்னும் புகைஞ்சுக்கிட்டே இருக்கு.

என்ன சொன்னார்? “கவர்மெண்ட் பிளான் போட்டா கிளாம்பாக்கம் மாதிரிதான் இருக்கும். மாப்பிள்ளை வந்தாச்சு, மேளம் வந்தாச்சு, பந்தியும் போட்டாச்சு, தாலியை மறந்துட்டாங்க. பஸ் ஸ்டாண்டைத் திறந்துட்டு ரயில்வே ஸ்டேஷனை மறந்துட்டாங்க”ன்னார். நீங்களும் கைதட்டினீங்க. முன்வரிசையில இந்த அம்மா சிரிச்ச சிரிப்பைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்துடுச்சு.

அண்ணன் சொன்னது உண்மைதான், நடுவர் அவர்களே. 2023 டிசம்பர் 30-ம் தேதி அந்த நிலையத்தைத் திறந்தாங்க. 88 ஏக்கர். ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு அந்தப் பக்கம் தண்டவாளம் கண்ணுக்குத் தெரியுது. ரயில் போற சத்தம் காதுல விழுது. ஆனா அன்னைக்கு அங்க ரயில் நிக்க ஒரு ஸ்டேஷன் இல்லை. கைக்குழந்தையை இடுப்புல வெச்சுக்கிட்டு, கட்டைப்பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு, வண்டலூர்ல இறங்கறதா ஊரப்பாக்கத்துல இறங்கறதான்னு சனம் தவிச்ச தவிப்பு எனக்குத் தெரியும். எங்க வீட்டுப் பெரியவங்களும் தவிச்சிருக்காங்க. பஸ் நிலையத்தைக் கட்டினது மாநில அரசோட சி.எம்.டி.ஏ., அதாவது சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்; தண்டவாளம் மத்திய அரசோட ரயில்வே. ரெண்டும் ஒரே நாள்ல திறந்திருக்கணும். திறக்கலை. தப்புதான், மூடி மறைக்க மாட்டேன்.

ஆனா அண்ணே, உங்க கல்யாணத்தையே எடுத்துக்குவோம். தாலி வர லேட்டாச்சு. என்ன செய்வோம்? பொண்ணோட தாய்மாமனைப் பிடிச்சு உலுக்குவோம். “எங்கய்யா தாலி? ஓடு, ஆசாரி வீட்டுக்கு ஓடு!”ம்போம். நீங்க என்ன சொல்றீங்க? “தாலி லேட்டாயிடுச்சு, அதனால சமையல் கான்ட்ராக்டரைத் தூக்கித் தாய்மாமன் இடத்துல உட்கார வைங்க”ங்கிறீங்க!

கான்ட்ராக்டர் நல்லவர். சாம்பார் பிரமாதமா வைப்பார். இலைக்கு இவ்வளவுன்னு பேசினா பேசினதுதான், சொன்ன நேரத்துக்குப் பந்தி போட்டுடுவார். பந்தி முடிஞ்சதும் அண்டாவை வேன்ல ஏத்திக்கிட்டு அடுத்த மண்டபத்துக்குப் போயிடுவார். போகத்தான் வேணும், அவர் தொழில் அது. ஆறு மாசம் கழிச்சு அந்தப் பொண்ணு ஆடிக்கு வரும்போது வாசல்ல நிக்கிறது யாரு? பிள்ளை பிறந்தா காது குத்த மடியில உட்கார வெச்சுக்கிறது யாரு? லேட்டா வந்தாலும் தாய்மாமன்தானே? திட்டிக்கிட்டே கூப்பிடுவோம். ஆனா அவரைத்தான் கூப்பிடுவோம்.

லேட்டுன்னு அண்ணன் ரொம்ப அழுத்திச் சொன்னதால, அவர் சொல்லாம விட்ட இன்னொரு பெரிய லேட்டை நானே சொல்றேன். வீராணம் ஏரித் தண்ணியைச் சென்னைக்குக் கொண்டுவர்ற திட்டம். இங்க இருக்கிற பெரியவங்க பார்த்திருப்பீங்க, ரோட்டோரத்துல ஆளுயரத்துக்கு ராட்சசக் குழாய் வருஷக்கணக்குல கிடந்துச்சு. தண்ணி வரலை. வீடில்லாதவங்க அந்தக் குழாய்க்குள்ள குடித்தனம் பண்ணினாங்க. எவ்வளவு பெரிய வெட்கம் அது! ஆனா 2004-ல, 200 கிலோமீட்டருக்கும் மேல குழாய் போட்டு, அந்த ஏரித் தண்ணி சென்னைக்கு வந்து சேர்ந்துச்சு. பராந்தக சோழன் காலத்துல வயலுக்காக வெட்டின வீரநாராயணன் ஏரி, ஆயிரம் வருஷம் கழிச்சு நம்ம வீட்டுக் குழாயில பேசுது. ஏன் வந்துச்சு? ஒவ்வொரு தேர்தலுக்கும் நாம கேட்டோம். “தண்ணி எங்க?”ன்னு கேட்க ஒரு வாசல் இருந்துச்சு. கம்பெனி நஷ்டம்னு எழுதிக் கொடுத்துட்டுப் போயிட்டா, அண்ணே, எந்த வாசல்ல போய் நிக்கிறது?

சரி, இப்ப எங்க அக்கா வீட்டுக் கதை. இதைச் சொல்லத்தான் வந்தேன்.

எங்க அக்கா ஓ.எம்.ஆர்., அதான் பழைய மகாபலிபுரம் ரோடு, அந்தப் பக்கம் வீடு வாங்கினாங்க. பில்டர் பேரெல்லாம் வேண்டாம். புக் பண்ணப் போனப்ப குடும்பத்தோட போனோம். ஏசி ரூம்ல கண்ணாடிப் பெட்டிக்குள்ள ஒரு பொம்மை அபார்ட்மெண்ட் வெச்சிருந்தாங்க. குட்டி மரம், குட்டி கார், தலையாட்டுற குட்டி ஊஞ்சல், நடுவுல நீலக்கலர்ல நீச்சல் குளம். எங்க மாமா, அக்கா வீட்டுக்காரர், அந்த நீலத்துலயே விழுந்துட்டார். எங்க அப்பா மட்டும் கையைப் பின்னால கட்டிக்கிட்டு அந்தப் பெட்டியை மூணு சுத்து சுத்தினார். ஏரிப் பாசனத்துல நெல்லு போட்ட மனுஷன். டை கட்டின பையனைக் கூப்பிட்டுக் கேட்டார்: “தம்பி, குளம் நல்லாயிருக்கு. இதுக்கு வரத்து எங்க, போக்கு எங்க?”

பையனுக்குப் புரியலை. “என்ன அங்கிள்?”ன்னான். “குளம்னா தண்ணி வர ஒரு வாய்க்கால் வேணும். நிறைஞ்சா வெளியே போக ஒரு கலங்கு வேணும். அது எங்க?” பையன் சிரிச்சுக்கிட்டே சொன்னான்: “லாரி வரும் அங்கிள்.” அப்பா திரும்பி அக்காவைப் பார்த்தார். “ஏம்மா, குளத்துக்கு லாரியிலயா தண்ணி?” மாமா அப்பாவைக் கையைப் பிடிச்சு வெளியே கூட்டிட்டு வந்துட்டார்.

கிரகப்பிரவேசம் ஆச்சு. உள்ளே ஒரு குறை சொல்ல முடியாது, நான் நியாயமாச் சொல்றேன். போர்வெல் இருக்கு, சம்ப் இருக்கு, ஜெனரேட்டர் இருக்கு, கழிவுநீரைச் சுத்தம் பண்ற பிளான்ட் இருக்கு. அப்புறம் 2019 ஜூன் வந்துச்சு. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம், நாலு ஏரியும் பாளம் பாளமா வெடிச்சுக் கிடந்த மாசம். ஒவ்வொரு அபார்ட்மெண்டும் தன் காம்பவுண்டுக்குள்ள போர் போட்டிருந்தது. இவங்க முன்னூறு அடின்னா பக்கத்துல நானூறு அடி. கீழே இருக்கிற தண்ணிக்குக் காம்பவுண்டு தெரியுமா? எல்லா போரும் ஒரே மாதிரி காத்தைக் கக்குச்சு.

நான் போய்ப் பார்க்கிறேன், நீச்சல் குளம் வத்திப்போச்சு. பசங்க உள்ளே இறங்கிக் கிரிக்கெட் விளையாடுறாங்க! ஆழம் கம்மியா இருக்கிற பக்கத்துல இருந்து ஓடிவந்து பவுலிங். அந்தக் கோடியில ‘ஆழம் 5 அடி’ன்னு எழுதின சுவர்தான் ஸ்டம்ப். பந்து குளத்தைத் தாண்டி மேலே போனா சிக்ஸர். குளிக்க இறங்குற ஏணிக்கம்பியில பட்டா நாலு ரன். எங்க அக்கா பையன் அந்த ஏணியில அடிச்சு ஹாஃப் செஞ்சுரி போட்டான்! அப்பா கரையில நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கிட்டிருந்தார். நான் போனதும் நிமிர்ந்து பார்த்து ஒரே வார்த்தைதான் சொன்னார்: “கேட்டேன்ல? வரத்து எங்கன்னு.”

அவர் கேட்டது ரெண்டு கேள்வி. போக்கு எங்கங்கிற ரெண்டாவது கேள்விக்கு 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் பதில் சொல்லிச்சு. கார் நிறுத்துற கீழ்த்தளத்துல இடுப்பளவு தண்ணி. குளத்துல நிக்காத தண்ணி காருக்குள்ள நின்னுச்சு. அது எந்த ஊர்த் தண்ணி? நம்ம தண்ணி! நம்ம சேலையூர், மாடம்பாக்கம் ஏரிகள் நிறைஞ்சா உபரி பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போகும், அங்கிருந்து ஒக்கியம் மடுவு, அப்புறம் பக்கிங்ஹாம் கால்வாய், கடைசியில முட்டுக்காடு பக்கம் கடல். பல நூறு காம்பவுண்டைக் கடந்து போற பாதை அது. எந்த பில்டர் அதை வரைவார்? அவருக்கு அனுமதி கிடைச்சது அவர் சுவருக்குள்ளதான். நகரத்தோட திட்டம்னா ரெண்டு காம்பவுண்டுச் சுவருக்கு நடுவுல இருக்கிற இடம், நடுவர் அவர்களே! விற்க முடியாத அந்த இடத்துக்கு விலை இல்லை. விலை இல்லாத இடத்துக்குத் தனியார் ஏன் வரைபடம் போடணும்?

அந்த ஓ.எம்.ஆர். ரோட்டையே எடுத்துக்குங்க. அரசும் ஒரு நிதி நிறுவனமும் சேர்ந்து ஆரம்பிச்ச கம்பெனி போட்டது. ஆறு வழி, அருமையான ரோடு. ஆனா சுங்கம் வசூலிச்ச ரோடு முதல்ல வந்துச்சு, அதுக்குப் பக்கத்துத் தெருக்களுக்குக் குடிதண்ணிக் குழாயும் சாக்கடையும் எத்தனையோ வருஷம் கழிச்சுத்தான். காலையில தண்ணி லாரி உள்ளே போகும், சாயங்காலம் கழிவுநீர் லாரி வெளியே வரும். காசு வர்ற வேலை முன்னாடி போகும், காசு வராத வேலை பின்தங்கும். கணக்கு அந்தப் பக்கம்தான் இழுக்கும்.

எதிரணியில முதல்ல பேசின சகோதரி திருப்பூரைச் சொன்னாங்க. காவிரியில இருந்து நாள் ஒண்ணுக்கு 18 கோடி லிட்டருக்கு மேல கொண்டுவர, தனியார் பங்கோட போட்ட திட்டம். நல்ல திட்டம், நானும் பாராட்டுறேன். சாயப்பட்டறைகள் கூடுதல் விலை கொடுக்கும், ஊர்க்காரங்க கம்மி விலை கொடுப்பாங்கன்னு கணக்கு. 2011-ல நொய்யல் ஆறு நாசமாகுதுன்னு உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொல்லிச்சு. கணக்கு ஆட்டம் கண்டுச்சு. அந்த நொய்யலுக்கும் பட்டறைக்கும் சேர்த்து முன்னாடியே யோசிக்க வேண்டியவர் யார், சகோதரி? தண்ணி வித்த கம்பெனியா?

“பள்ளிக்கரணையில குப்பை கொட்டினதே மாநகராட்சிதானே”ன்னு அண்ணன் முணுமுணுக்கிறது எனக்குக் கேட்குது. ஆமா, பெருங்குடி குப்பைமேடு நம்ம அரசு செஞ்ச பாவம். ஆனா அதை எதிர்த்துச் சாதாரண ஜனங்க மனு போட்டாங்க, வழக்குப் போட்டாங்க, மிச்சமிருந்த சதுப்பு நிலத்தைக் காப்பாத்தினாங்க. 2022-ல அது உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட ராம்சார் பட்டியல்ல ஏறிச்சு. அதே வருஷம்தான் சென்னைப் பெருநகரத்தோட எல்லையை 1,189 சதுர கிலோமீட்டர்ல இருந்து 5,904-ஆ விரிச்சாங்க. செங்கல்பட்டும் அரக்கோணமும் இப்ப இந்தக் கணக்குல. அங்க இன்னும் எத்தனையோ ஏரிக்கு வரத்தும் போக்கும் உயிரோட இருக்கு. அதை இப்பவே கோடு போட்டுக் காப்பாத்தணும்யா! பொம்மை வீட்டைக் கண்ணாடிப் பெட்டியில வெச்சப்புறம் காப்பாத்த முடியாது.

மணி அடிச்சுட்டீங்க நடுவர் அவர்களே. அக்கா கதையில ஒரு துண்டு பாக்கி இருக்கு. அதை மட்டும் சொல்லிடுறேன்.

அதே 2019. ஜூலை 12-ம் தேதி ஜோலார்பேட்டையில இருந்து 50 வேகன்ல 25 லட்சம் லிட்டர் தண்ணி ரயில்ல வில்லிவாக்கம் வந்துச்சே, டிவியில பார்த்து நாமெல்லாம் கண் கலங்கினோமே, அந்தக் கோடைதான். அக்கா வீட்டுக்கு மூணு நாளா தனியார் லாரி வரலை. வேற எங்கேயோ கூடுதல் விலை கிடைச்சிருக்கு, லாரிக்காரர் அங்க போயிட்டார். லிஃப்ட் இருக்கு, ஜெனரேட்டர் இருக்கு, குடிக்கத் தண்ணி இல்லை. அக்கா பையனுக்கு அன்னைக்குப் பார்த்துக் காய்ச்சல்.

அபார்ட்மெண்டுக்குப் பின்னால பழைய கிராமத்துத் தெரு ஒண்ணு. அங்க முனையில கறுப்பு சின்டெக்ஸ் தொட்டி. குடிநீர் வாரியத்து லாரி வந்து அதை நிரப்பும், காசு கிடையாது. வீட்டுக்கு இத்தனை குடம்னு கணக்கு. அக்கா வீட்டுல பாத்திரம் தேய்க்க வர்றவங்க அந்தத் தெருதான். பையனுக்குக் காய்ச்சல்னு கேள்விப்பட்டு, காலையில அஞ்சரை மணிக்கு வந்து கதவைத் தட்டினாங்க. அவங்க வீட்டுப் பங்குல இருந்து ஒரு குடம். லிஃப்ட்ல வரலை. தண்ணி சிந்தினா செக்யூரிட்டி திட்டுவார்னு நாலு மாடியும் படியேறி வந்திருக்காங்க. பச்சைக்கலர் பிளாஸ்டிக் குடம், வாய்ப்பக்கம் உடைஞ்ச இடத்துல தார் உருக்கி ஒட்டியிருக்கு.

அக்கா பர்ஸை எடுக்கப் போனாங்க. அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டு, “இது கவர்மெண்ட் தண்ணிக்கா. இதுக்குப் போய் யாராவது காசு வாங்குவாங்களா?”ன்னாங்க. உள்ளே கட்டில்ல படுத்திருந்த எங்க அப்பா எழுந்து வந்து அந்தக் குடத்தை ரெண்டு கையாலயும் வாங்கினார். ஒண்ணும் கேட்கலை. வரத்து எங்கன்னு கேட்கலை.

சமையல்கட்டுல இருந்த பானை, அண்டா, வாட்டர் பாட்டில், எல்லாத்துலயும் அக்கா பிரிச்சுப் பிரிச்சு ஊத்தினாங்க. கடைசிச் சொட்டு விழுறவரைக்கும் அந்த அம்மா வாசல்லயே நின்னாங்க. “உட்காருங்களேன்”னு அக்கா சொன்னதுக்கு, “இல்லக்கா, சீக்கிரம் குடத்தைக் கொடுங்க, கீழே லாரி வந்துடும்”னாங்க.

வணக்கம்.