உறையில் சிக்கிய பிரெஞ்சு பயனெட்: எமரி போடலாமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

எல்லாருக்கும் வணக்கம். இந்த வாரம் நிறைய கேள்வி வந்திருக்கு. அதுல ஒண்ணு ரெண்டு நாளா மனசுலயே நிக்குது. முழு நேரத்தையும் அதுக்கே குடுத்துடறேன்.

புதுச்சேரி முத்தியால்பேட்டையிலேர்ந்து ஒரு அம்மா எழுதியிருக்காங்க. அவங்க மாமனாரோட அப்பா சொல்தாவா, அதாவது பிரெஞ்சுப் படையில சிப்பாயா இருந்தவராம். வீட்டு டிரங்குப் பெட்டியில இரும்பு உறையோட ஒரு நீளமான பயனெட், அதாவது துப்பாக்கி முனையில மாட்டற கத்தி கிடைச்சிருக்கு. இழுத்தா பாதி வரைக்கும் வருது, அதுக்கு மேல வரமாட்டேங்குது. பிளேடோட முதுகுல சாய்ஞ்ச எழுத்துல என்னமோ எழுதி, கடைசியில 1878னு இருக்கு. அதுக்கு முன்னாடி ஒரு 8, பக்கத்துல பொடிப்பொடியா எழுத்து. கைப்பிடிக்கிட்ட ஒரு நம்பர், உறையில வேற நம்பர், அதனால போலியோன்னு ஒரு சந்தேகம். பழைய சாமான் கடைக்காரர் "எமரித் தாள் போட்டுத் தேய்ச்சு பாலீஷ் பண்ணிக் கொண்டாங்க, நல்ல விலை போகும்"னு சொல்லியிருக்கார். பாரீஸ்ல இருக்கிற கொழுந்தனார் "எனக்குக் குடுங்க அண்ணி, நான் எடுத்துட்டுப் போறேன்"னு கேக்கறாராம். என்ன பண்ணலாம்? இதுதான் கேள்வி.

அம்மா, முதல்ல ஒண்ணு. எமரி வேண்டாம். முதுகுல கை வைக்காதீங்க. நம்ம பேச்சை வழக்கமா பாக்கறவங்களுக்கு இது தெரியும், ஒவ்வொரு தடவையும் சொல்றேன். இன்னிக்கு ஏன்னு விவரமா சொல்லிடறேன்.

நீங்க அனுப்பின போட்டோவுல இருக்கறது பிரான்சோட 1874 கிரா துப்பாக்கிக்கான பயனெட். மூணு அடையாளம் வச்சுக்கோங்க. பிளேடை நுனியிலேர்ந்து பாத்தா ஆங்கில 'டி' எழுத்து மாதிரி தெரியும். முதுகு பட்டையா, கீழே தகடு மெல்லிசா. கைப்பிடிக்கு ரெண்டு பக்கமும் மரம், அடியில பித்தளைக் குமிழ். குறுக்குக் கம்பி ஒரு பக்கம் கொக்கியா வளைஞ்சிருக்கும், இன்னொரு பக்கம் துப்பாக்கிக் குழல் நுழையற வளையம். பிளேடு சுமார் 52 செ.மீ., வளையத்துக்கு உள்விட்டம் சுமார் 18 மி.மீ. கைப்பிடி முழுக்கப் பித்தளையா வரிவரியா இருந்து, பிளேடு பாம்பு மாதிரி லேசா நெளிஞ்சிருந்தா அது இதுக்கு முந்தின 1866 ஷாஸ்போ துப்பாக்கியோட பயனெட். சின்ன வெர்னியர் காலிப்பர் ஒண்ணு வாங்கி வச்சுக்கிட்டா பாதி சந்தேகம் தானா தீரும்.

இப்ப முதுகுக்கு வர்றேன். இந்த ரெண்டு பயனெட்லயும் எந்த ஆயுதச்சாலையில, எந்த மாசம், எந்த வருஷம் செஞ்சாங்கன்னு முதுகுலயே செதுக்கியிருப்பாங்க. சேந்த் எத்தியேன், ஷாத்தெல்லரோ, த்யூல், இப்படி ஊர் பேர் வரும். ஷாஸ்போவுல 'எம்பெரியால்'னு, அதாவது பேரரசோட ஆயுதச்சாலைன்னு வந்தா அது 1870 வரைக்கும் செஞ்சது. அந்த வருஷம் செப்டம்பர்ல மூணாம் நெப்போலியன் ஆட்சி போச்சு, முதுகுலேர்ந்து அந்த வார்த்தையும் போச்சு. ஒரு அரசாங்கம் விழுந்ததை ஒரு கத்தியோட முதுகுல படிக்கலாம்!

அந்த அம்மா கேட்ட 8 இருக்கு பாருங்க, அதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். 8னு பாத்ததும் எல்லாரும் ஆகஸ்ட்னு நினைப்பாங்க. இல்லை, அது அக்டோபர். லத்தீன்ல 'ஒக்தோ'ன்னா எட்டு. பழைய ரோமானியர் கணக்குல வருஷம் மார்ச்ல ஆரம்பிச்சதால அக்டோபர் எட்டாவது மாசம். அதனால பிரெஞ்சுக்காரங்க 8 போட்டு பக்கத்துல கடைசி எழுத்துகளை மட்டும் எழுதி 'ஒக்தோப்ர்'னு படிப்பாங்க. அதே மாதிரி 7 வந்தா செப்டம்பர், 9 வந்தா நவம்பர், ரோமன் பத்து வந்தா டிசம்பர். ஆக உங்க பயனெட் பிறந்தது 1878 அக்டோபர்.

இந்த எழுத்து ரொம்ப ஆழமில்லாதது. எமரித் தாளை நாலு தடவை அழுத்தித் தேய்ச்சா மாசம் போயிடும், பஃபிங் சக்கரத்துல வச்சா ஊர் பேரும் சேர்ந்து போகும். அப்புறம் அது பளபளன்னு ஒரு இரும்பு, அவ்வளவுதான். சேகரிக்கிறவங்க கையில எடுத்த உடனே திருப்பிப் பாக்கறது அந்த முதுகைத்தான்.

சரி, உறையில சிக்கினது. இங்க கொஞ்சம் யோசிக்கணும். பிளேடு நுனிப் பக்கம் போகப் போக ஒடுங்குது. அப்போ வெளியே வர வர லேசாகணும், பாதியில நிக்கக் கூடாது. உறை வெளியே அடிபட்டு சொட்டையாகியிருந்தா பிளேடு உள்ளே போறதுதான் கஷ்டம், வெளியே வர்றதை அது அவ்வளவா தடுக்காது. அதனால உங்களுக்கு மூணு காரணத்துல ஒண்ணு. பிளேடோட கீழ்ப்பாதியில துரு கட்டியா ஏறியிருக்கலாம். இல்லேன்னா உறை வாய்க்குள்ள பிளேடை இறுக்கிப் பிடிக்க மெல்லிசா பட்டை ஸ்பிரிங் இருக்கும், அது கழண்டு பிளேடோட சேர்ந்து மடங்கியிருக்கலாம். இல்லே, பிளேடு லேசா வளைஞ்சிருக்கணும். டார்ச் அடிச்சு வாய்க்குள்ள பாருங்க. ரெண்டு பக்கமும் பட்டை ஒழுங்கா ஒட்டியிருந்தா துருதான்னு வச்சுக்கலாம்.

துருவா இருந்தா இப்படிப் பண்ணுங்க. கைப்பிடி மரத்தை பிளாஸ்டிக் கவரால சுத்திக் கட்டுங்க, எண்ணெய் மரத்துல இறங்கக் கூடாது. உறையை வாய் மேல இருக்கிற மாதிரி மூலையில சாய்ச்சு வைங்க. டபிள்யூடி-40 இல்லேன்னா மண்ணெண்ணெயும் மெஷின் ஆயிலும் பாதிக்குப் பாதி. பிளேடோட ரெண்டு பக்கமும் பத்துப் பதினைஞ்சு சொட்டு, காலையில ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை, மூணு நாள். நாலாவது நாள் இழுக்காதீங்க. முதல்ல உள்ளே தள்ளுங்க, ஒரு செ.மீ. போதும். அப்புறம் ஒரு செ.மீ. வெளியே. திரும்ப உள்ளே, திரும்ப வெளியே. செங்கல் பொடி மாதிரி துரு வரும், துணியால துடைச்சுட்டு மறுபடி சொட்டு விடுங்க. ஒரு நாள்ல வரலேன்னா ஒரு வாரம் ஆகட்டும். நூத்து நாப்பது வருஷத்துக்கு மேல இருந்த பொருளுக்கு ஒரு வாரம் பெரிசில்லை.

கெட்டுப் போறது எப்படின்னா, உறையை வைஸ்ல வச்சு இறுக்கறது. உறை மெல்லிசான தகடு, அமுங்கிப் போகும். கொக்கியில சுத்தியால தட்டறது. கொக்கி வளையும், இல்லே ஒடியும். தட்டியே ஆகணும்னா குறுக்குக் கம்பிக்கு அடியில, பிளேடை ஒட்டின இடத்துல மரக்கட்டை வச்சு ரெண்டு பக்கமும் சமமா, மெதுவா. முறுக்கி இழுக்கறதும் கூடாது, டி வடிவத்துல கீழே இருக்கிற தகடு நெளிஞ்சா நிமிர்த்தறது கஷ்டம். எண்ணெய் விட்ட அப்புறம் நெருப்பு, ஹேர் டிரையர் எதையும் கிட்டே கொண்டுபோகாதீங்க.

இன்னொண்ணு. இதெல்லாம் இரும்பு உறைக்கு மட்டும். கடலூர்ப் பக்கம் அதிகமா கிடைக்கிற 1907 பிரிட்டிஷ் பயனெட்டுக்குத் தோல் உறை, அதுல ஒரு சொட்டு எண்ணெய் கூடப் படக் கூடாது. தோல் ஊறி, தையல் நைஞ்சு போகும். அந்தத் தோல் உறைக்குள்ள பிளேடைப் போட்டு வைக்கவும் கூடாது. பதனிட்ட தோல்ல இருக்கிற அமிலமும் உப்பும் நம்ம ஊர் கடல் காத்தோட ஈரமும் சேர்ந்து உள்ளுக்குள்ளயே அரிச்சுடும். பக்கத்துல பக்கத்துல தனித்தனியா வைங்க, ஒரே சீட்டு எழுதிக் கட்டுங்க.

பிளேடு வெளியே வந்ததும் சிவப்புத் துருவை மட்டும் எடுங்க. கறுப்பா ஒட்டியிருக்கிறது அடங்கின துரு, அது இருக்கட்டும். துருக் கட்டியை ஒரு பித்தளைத் துண்டோட ஓரத்தால சாய்வா சுரண்டலாம், பித்தளை இரும்பை விட மெத்து. அப்புறம் 0000 நம்பர் ஸ்டீல் உல், மெஷின் ஆயில் தொட்டு, தட்டையான ரெண்டு பக்கத்துல மட்டும். முதுகுல கை வைக்காதீங்கன்னு சொன்னேன் இல்லையா, அங்க பழைய டூத்பிரஷ்ஷும் மூங்கில் குச்சியும்தான். வினிகர்ல முழுசா ஊறப் போடற வீடியோ நிறைய வருது. துரு போகும், கூடவே அந்த வயசான நிறமும் போய் சாம்பல் பூத்த மாதிரி ஆயிடும்.

பித்தளைக் குமிழைப் பாத்ததும் குத்துவிளக்கு ஞாபகம் வந்து புளி எடுப்போம். வேண்டாம். புளித்தண்ணி மரத்துக்கும் இரும்புக்கும் நடுவுல இறங்கினா உள்ளே இருக்கிற இரும்பு, கண்ணுக்குத் தெரியாம அரிக்கும். உலர்ந்த பருத்தித் துணியால துடைச்சாப் போதும். தேங்காயெண்ணெய், நல்லெண்ணெயும் பூசாதீங்க. ஒண்ணு சிக்குப் பிடிச்சு பித்தளை ஓரத்துல பச்சை கட்டும், இன்னொண்ணு பிசினா காஞ்சு தூசியைப் பிடிச்சு வைக்கும். ஸ்பிரிட்டால துடைச்சு, காய வச்சு, மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு மெல்லிசா ரெண்டு பூச்சு. கிடைக்கலேன்னா தையல் மெஷின் ஆயில், ஆனா ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை புதுசா துடைச்சுப் பூசணும். டபிள்யூடி-40 துருவை இளக்கத்தான், நாள்பட்ட காவலுக்கு இல்லை. வெறும் கையால பிளேடைத் தொட்டா விரல் ரேகை அப்படியே துருவா எழும்பும், கையுறை போட்டுக்கோங்க. வெல்வெட் பெட்டி, நியூஸ்பேப்பர் ரெண்டும் ஈரத்தைப் பிடிச்சு வைக்கும். மூடற பெட்டியில 200 கிராம் சிலிக்கா ஜெல் போட்டு, ஐப்பசி கார்த்திகையில பதினைஞ்சு நாளைக்கு ஒரு தடவை திறந்து பாருங்க.

நம்பர் மாறியிருக்கே, போலியான்னு கேட்டீங்க. இல்லை. படையில பழுது பாக்கறப்ப உறை மாறிப் போறது சகஜம். ரெண்டும் ஒண்ணா இருந்தா மதிப்பு கூடும், மாறியிருந்தா அது பொய்ன்னு அர்த்தமில்லை. போலியைக் காட்டிக் குடுக்கிறது அரிப்புதான். ஆசிட் ஊத்திப் பழசாக்கினதுல குழி எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி இருக்கும். நிஜத்துல உறை வாய்க்கிட்ட ஒரு விதம், நுனியில ஒரு விதம்னு ஏத்த இறக்கமா இருக்கும்.

கொழுந்தனார் விஷயம். 1972ம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷத்துக்குக் குறையாத பழம்பொருளைத் தனியாள் வெளிநாட்டுக்கு எடுத்துட்டுப் போக முடியாது. 1878 அந்தக் கணக்குல வந்துடுது. பெட்டியில வச்சு ஏர்போர்ட்ல மாட்டிக்க வேண்டாம்னு சொல்லிடுங்க. அதோட ஆயுதச் சட்ட விதிகளோட அட்டவணையில பயனெட்னு பேர் சொல்லியே இருக்கு. 9 அங்குலத்துக்கு மேல பிளேடு இருந்தா அதுல அடங்கும். இந்த வகைக்கு உரிமம் வேணுமாங்கறது அந்தந்தப் பகுதிக்கு அரசு போட்ட அறிவிக்கையைப் பொறுத்தது. உங்க பகுதி நிர்வாகத்துக்கிட்ட எழுதிக் கேட்டு, பதிலை எழுத்துல வாங்கி வைங்க. புதுச்சேரியும் கடலூரும் வேற வேற நிர்வாகம், செக்போஸ்ட் தாண்டறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் கேக்கணும்.

இதெல்லாம் கேட்டீங்க அம்மா, ஒண்ணு மட்டும் கேக்கலை. அந்தப் பெரியவர் இதை எங்க வச்சிருந்தார்? எப்படி அவர் கைக்கு வந்தது? 1914 சண்டையில இதை வச்சுத்தான் இருந்தார்னு வீட்டுல சொல்றதா ஒரு வரி எழுதியிருக்கீங்க. பிரெஞ்சுப் படை 1886லயே லெபல் துப்பாக்கிக்கு மாறிடுச்சு. லெபலோட பயனெட் நாலு பட்டையா ஊசி மாதிரி இருக்கும், உங்களுது அதுல பொருந்தாது. ஆனா கிரா துப்பாக்கி அப்பவும் பின்னணிப் படைகள்லயும் காலனிகள்லயும் புழக்கத்துல இருந்துச்சு. அதனால வீட்டுல சொல்றதை இல்லைன்னு தள்ளிட வேண்டாம், ஆமான்னு முடிவு கட்டவும் வேண்டாம். வீட்டுப் பேச்சை ஒரு தாள்ல, யார் சொன்னது, எப்ப சொன்னதுன்னு எழுதுங்க. பொருள்ல தெரியறதை இன்னொரு தாள்ல எழுதுங்க. ரெண்டையும் கலக்காதீங்க.

அந்த டிரங்குப் பெட்டியை அடி வரைக்கும் பாருங்க. சொல்தா வீடுகள்ல 'லிவ்ரே மிலித்தேர்'னு படை வீரரோட சின்னப் புத்தகம் இருக்கும். சேர்ந்த வருஷம், மத்ரிக்யூல் நம்பர் (படையில அவரோட பதிவு எண்), எந்தப் படைப்பிரிவு எல்லாம் அதுல இருக்கும். பென்ஷன் தாள் இருந்தாலும் போதும். அந்த நம்பர் கிடைச்சா பிரெஞ்சு ஆவணங்கள்ல தேடலாம். கடற்கரையில பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னத்தைத் தாண்டித்தான் தினமும் நடக்கறோம், ஜூலை 14 அன்னிக்கு விளக்குப் போட்டுப் பாக்கறோம். அந்த மாதிரி வாழ்ந்த ஒரு ஆளைப் பத்தின காகிதம் உங்க பெட்டியில இருக்கலாம். பயனெட்டை விட முதல்ல அதைத்தான் ஈரத்துலேர்ந்து காப்பாத்தணும்.

முதுகு எழுத்தை இன்னிக்கே போட்டோ எடுத்துடுங்க. ஜன்னலோரம், பக்கத்திலேர்ந்து வெளிச்சம் விழற மாதிரி, பக்கத்துல ஒரு ஸ்கேல் வச்சு. ரெண்டு நம்பரையும் தனித்தனியா எடுங்க. சீட்டு எழுதறப்ப பேனா வேண்டாம், பென்சில். பருத்தி நூலால கைப்பிடியில கட்டுங்க, கம்பியோ ரப்பர் பேண்டோ வேண்டாம், ரப்பர் உருகி ஒட்டிக்கும். எண்ணெய் விட்ட நாலாவது நாள் எவ்வளவு அசைஞ்சதுன்னு எழுதி அனுப்புங்க, அந்த லிவ்ரே கிடைச்சுதான்னும் சொல்லுங்க. அடுத்து நெல்லிக்குப்பத்துத் தம்பி அனுப்பின 1907 உறையோட படம், அதுக்குப் போவோம்.