மூச்சு வாங்காத பிள்ளைக்கும் மூச்சுப் பிரச்சினை

வணக்கம். நான் பிசியோதெரபிஸ்ட். தசைச்சிதைவு நோய் உள்ள பிள்ளைகளின் மூச்சைக் கவனிப்பதுதான் என் வேலை. "மூச்சு எப்படி இருக்கு?" என்று பெற்றோரிடம் கேட்டால் பெரும்பாலும் "அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு, இரைப்பே கிடையாது" என்பார்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை. நமக்கு மாடி ஏறினால் மூச்சு வாங்கும். சக்கர நாற்காலியில் இருக்கும் பையன் எந்த மாடி ஏறினான், மூச்சு வாங்க? அதனால் அந்தக் கேள்வியையே விட்டுவிட்டேன். ராத்திரி எத்தனை தடவை திருப்பிப் படுக்கவைக்கச் சொல்லிக் கூப்பிடுகிறான், காலையில் தலைவலி என்கிறானா, பல் தேய்த்த பிறகும் சாப்பாடு வேண்டாம் என்கிறானா, வகுப்பில் தூங்கி வழிகிறானா, இதையெல்லாம்தான் கேட்கிறேன். தூக்கத்தில், அதுவும் கனவு வரும் நேரத்தில், மற்ற மூச்சுத் தசைகள் தளர்ந்துவிட, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் உதரவிதானம் என்ற தசை மட்டும் தனியாக மூச்சை இழுக்க வேண்டியிருக்கிறது. அதுவும் பலவீனமாக இருந்தால் கரியமில வாயு வெளியேறாமல் ரத்தத்தில் தேங்கும். காலைத் தலைவலி அங்கிருந்துதான் வருகிறது. வீட்டில் அதைச் சோம்பேறித்தனம் என்று திட்டிக்கொண்டிருப்போம்.

சரி, மூச்சோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய முதுகுக்கு வருகிறேன். தசைச்சிதைவில் பல வகை உண்டு, நான் அதிகம் பார்ப்பது டுஷேன். டிஸ்ட்ரோபின் என்ற புரதம் உடம்பில் உருவாகாததால் வருவது, பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கு. நடந்துகொண்டிருக்கும் வரை முதுகு ஓரளவு நேராகவே இருக்கும். நடை நின்று உட்கார ஆரம்பித்ததும், கூடவே உயரமும் மடமடவென்று கூடும் வயது என்பதால், முதுகுத்தண்டு சாயத் தொடங்கும். ஸ்டீராய்டு எடுக்கும் பிள்ளைகளுக்கு இது குறைவு, வந்தாலும் தாமதமாக வருகிறது. ஒரு பையனுக்கு வலது முழங்கை எப்போதும் நாற்காலியின் கைப்பிடியில்தான் இருக்கும், தோல் காய்த்தே போயிருந்தது. அம்மா அதைப் பழக்கம் என்று நினைத்திருந்தார். கையைத் தூக்கு என்றேன். தூக்கியதும் நெல் மூட்டை சரிவது போல உடம்பு அந்தப் பக்கமே சரிந்தது. அந்த முழங்கைதான் முதுகைத் தாங்கிக்கொண்டிருந்தது! சட்டையைக் கழற்றி, கை ஊன்றாமல் உட்காரவைத்து, பின்னாலிருந்து பாருங்கள்: ஒரு தோள் ஏறியிருக்கிறதா, ஒரு பக்கப் பிட்டம் மட்டும் அழுந்திச் சிவந்திருக்கிறதா?

வளைந்த பக்கம் விலா எலும்புகள் நெருங்கி, நுரையீரல் விரிய இடம் குறைகிறது. ஆனால் மூச்சு குறைய முதல் காரணம் தசைதான், வளைவு அதற்கு மேல் ஏறும் சுமை. முதுகை நிமிர்த்தினால் போன மூச்சு திரும்பிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முதுகுக்குப் பெல்ட் போட்டாலும் டுஷேனில் வளைவு நிற்காது, இறுக்கிக் கட்டினால் நெஞ்சைத்தான் நெரிக்கும். கம்பி வைத்து முதுகை நிமிர்த்தும் அறுவை சிகிச்சை என்றால் நுரையீரலில் தெம்பு இருக்கும்போதே செய்துவிட வேண்டும். குழாயில் ஊதும் பரிசோதனையில் மூச்சின் அளவு, இருக்க வேண்டியதில் 30 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டால் ஆபத்து கூடும். அதனால் வளைவு 20, 30 டிகிரியைத் தாண்டும்போதே முதுகுத்தண்டு மருத்துவரிடம் பேச ஆரம்பியுங்கள். இதயத்தையும் பார்த்தாக வேண்டும். மயக்க மருந்து கொடுப்பவரிடம் நோயின் பெயரை நீங்களே சொல்லுங்கள், சக்சினைல்கோலின் என்ற மருந்து இந்தப் பிள்ளைகளுக்குக் கூடவே கூடாது.

அப்புறம் இருமல். சாதாரணச் சளிதான் இவர்களை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்க்கும், ஏனென்றால் சளியைத் துப்புகிற அளவுக்கு இருமத் தெம்பு இருக்காது. ஆம்பு பையை, அதாவது கையால் அமுக்கிக் காற்றை உள்ளே செலுத்தும் பையை, இரண்டு மூன்று தடவை அழுத்தி, மூச்சை விடாமல் காற்றை உள்ளே அடுக்கி, பிறகு வயிற்றைக் கையால் தள்ளி இருமவைக்கும் முறையைப் பயிற்சி பெற்றவரிடம் கற்றுக்கொள்ளுங்கள். ராத்திரி மூச்சு போதவில்லை என்றால் பைபேப் மாதிரி காற்றை உள்ளே தள்ளும் கருவிதான் வேண்டும். வெறும் ஆக்சிஜனை மட்டும் வைத்தால் விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் எண் அழகாகத் தெரியும், உள்ளே கரியமில வாயு ஏறிக்கொண்டே இருக்கும்.

முழங்கை காய்த்த அந்தப் பையனுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. நேராக உட்கார்ந்தான், இடுப்பு வலி போய்விட்டது. ஆனால் ஸ்பூன் வாய்க்கு எட்டவில்லை. முன்பெல்லாம் குனிந்து தட்டை நோக்கிப் போவான், இப்போது கம்பி வைத்த முதுகு வளையாது. இதை முன்கூட்டி யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை, நான் உட்பட. தட்டுக்கு அடியில் ஒரு மரப்பெட்டி வைத்து உயர்த்தினோம், அதன் ஓரத்தில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, தானே சாப்பிட்டான்.