வெண்ணெய்க்கு ஏங்கிய சிப்பாய்: நூறு வருஷத்துக்கு முன்னாடி ஒட்டுக்கேட்ட குரல்

[திரை கறுப்பு. பழைய இசைத்தட்டு கரகரக்கும் சத்தம் மட்டும்.]

1916 டிசம்பர் 11. முதல் உலகப் போர் நடந்துக்கிட்டிருந்த சமயம். பெர்லினுக்குத் தெற்கே வுன்ஸ்டார்ஃப்னு ஒரு ஊர். அங்க ஒரு போர்க்கைதி முகாம். ஒரு பஞ்சாபி சிப்பாயைக் கூட்டிட்டு வந்து, குரலைப் பதிவு பண்ற பெரிய கூம்பு ஒண்ணுக்கு முன்னாடி நிக்கவெச்சு, "பேசுப்பா"ன்றாங்க. அவர் பேர் மால் சிங்.

மனுஷன் என்ன பேசினார் தெரியுமா? கதை சொன்னார். ஒரு ஆள் இருந்தானாம். இந்துஸ்தான்ல வெண்ணெய் சாப்பிடுவானாம், ரெண்டு சேர் பால் குடிப்பானாம். அப்புறம் இங்கிலீஷ்காரன்கிட்ட வேலைக்குச் சேர்ந்தானாம். ஐரோப்பா சண்டைக்கு வந்தானாம். ஜெர்மன்காரன் பிடிச்சுட்டானாம். இப்ப அவனுக்கு ஊருக்குப் போகணுமாம். போனா அதே சாப்பாடு கிடைக்குமாம். மூணு வருஷம் ஓடிப்போச்சு, சமாதானம் எப்போன்னு ஒரு தகவலும் இல்லையாம். இன்னும் ரெண்டு வருஷம் இங்கேயே கிடந்தா செத்தே போயிடுவானாம்.

கவனிச்சீங்களா? தன் கதையை, ஏதோ பாட்டி கதையில வர்ற ஆள் மாதிரி, யாரோ ஒருத்தன் கதையா சொல்றார். குண்டு பத்தி ஒரு வார்த்தை இல்ல. பீரங்கி இல்ல, ராஜா இல்ல, தேசம் இல்ல. வெண்ணெய்! அதுவும் ஒரு தடவை இல்ல, "அதே சாப்பாடு, அதே சாப்பாடு"ன்னு திரும்பத் திரும்ப அங்கேயே வந்து நிக்கறார். நம்ம தஞ்சாவூர்க்காரரா இருந்திருந்தா பழைய சோத்தையும் சின்ன வெங்காயத்தையும் கேட்டிருப்பார். எனக்கு இதைப் படிச்சதும் தொண்டை அடைச்சுக்கிச்சு, அதே நேரத்துல பசியும் எடுத்துச்சு. உண்மையைச் சொல்லணும்ல.

சரி, இதை யார் பதிவு பண்ணினாங்க, எதுக்கு? பிரஷ்ய அரசாங்கம் போட்ட ஒரு ஒலிப்பதிவுக் குழு. ஜெர்மன் மொழியியல் பேராசிரியர்கள். உலகம் பூரா இருந்து வந்த கைதிகள் ஒரே இடத்துல சிக்கியிருக்காங்க, கப்பல் ஏறாமலே எல்லா மொழியோட உச்சரிப்பையும் சேகரிச்சுடலாம்னு கிளம்பினாங்க. அவங்களுக்குத் தேவைப்பட்டது வாயிலிருந்து வர்ற சத்தம் மட்டும்தான். உள்ளே இருந்த அழுகை இலவச இணைப்பு. அந்தத் தட்டு இன்னைக்கும் பெர்லின் ஹம்போல்ட் பல்கலைக்கழகத்துல பத்திரமா இருக்கு.

இந்த வீடியோவோட விஷயமே இதுதான் மக்களே. முதல் உலகப் போர்ல போன நம்ம சாதாரண சிப்பாயோட மனசு நமக்குக் கிடைச்சது, அதைக் கேக்கணும்னு நினைக்காத ஆளுங்க போட்டு வெச்ச ஃபைல்லதான். இதே மாதிரி இன்னொரு ஃபைலும் இருக்கு. அதுக்கு வர்றதுக்கு முன்னாடி சப்ஸ்கிரைப் பட்டனை ஒரு தட்டு தட்டிடுங்க.

பின்னணி. வேகமா ஓடிடறேன், பரீட்சைக்கு வராது. 1914 ஆகஸ்ட்ல போர் ஆரம்பிச்சது. பிரான்ஸ்ல பிரிட்டிஷ்காரங்களுக்கு ஆள் பத்தல. லாகூர் டிவிஷன், மீரட் டிவிஷன்னு ரெண்டு காலாட்படை டிவிஷனைக் கப்பல் ஏத்தினாங்க. செப்டம்பர் கடைசியில மார்சே துறைமுகத்துல இறங்க ஆரம்பிச்சாங்க. அதே மாசம் 22-ஆம் தேதிதான் எம்டன் கப்பல் நம்ம மெட்ராஸ்ல குண்டு போட்டுட்டுப் போச்சு. சிப்பாய்க்கு மாசச் சம்பளம் 11 ரூபாய். முடிஞ்சது பின்னணி.

இப்ப தைரியம். 1914 அக்டோபர் 31, பெல்ஜியத்துல ஹோலபேக். 129-ஆம் பலுச்சி படைப்பிரிவு. ரெண்டு மெஷின் கன் இருந்துச்சு. ஒண்ணை ஜெர்மன் குண்டு காலி பண்ணிடுச்சு. அதிகாரிக்குப் பலத்த காயம். இன்னொரு துப்பாக்கியில இருந்தவர் குதாதாத் கான், 26 வயசு, இன்னைய பாகிஸ்தான்ல, அப்போதைய ஜீலம் மாவட்டத்துக் கிராமத்துக்காரர். அவருக்கும் அடிபட்டுடுச்சு. கூட இருந்த அஞ்சு பேரும் ஒவ்வொருத்தரா விழ, கடைசிவரைக்கும் சுட்டுக்கிட்டே இருந்தார். செத்துட்டார்னு நினைச்சு எதிரி விட்டுட்டுப் போக, இவர் ஊர்ந்தே தன் படைகிட்ட வந்து சேர்ந்தார். இந்தியச் சிப்பாய் ஒருத்தருக்குக் கிடைச்ச முதல் விக்டோரியா கிராஸ் இது, அதாவது பிரிட்டிஷ் ராணுவத்தோட உச்ச வீரப் பதக்கம். 1911 வரைக்கும் இந்தியருக்கு அந்தப் பதக்கம் கொடுக்கவே விதி கிடையாது. 1971 வரைக்கும் வாழ்ந்தார் மனுஷன்.

இதைப் பத்தி நூறு வீடியோ இருக்கு. நான் நிக்கப்போற இடம் வேற. கடிதம்.

[திரையில்: சாக்கு மூட்டையிலிருந்து கொட்டும் தபால்கள்.]

1915 மார்ச் வாக்குல பிரான்ஸ்ல இருந்த இந்தியச் சிப்பாய்கள் வாரத்துக்குப் பத்தாயிரத்துலேர்ந்து இருபதாயிரம் கடிதம் எழுதினாங்க. பெரும்பாலானவங்களுக்கு எழுதவே தெரியாது. எழுதத் தெரிஞ்சவன் பக்கத்துல உக்காந்து, "அம்மாவுக்கு என் நமஸ்காரம்னு போடு, எருமை கன்னு போட்டுச்சான்னு கேளு"ன்னு சொல்லச் சொல்ல எழுதறது. அங்க ஊர்ல யாராவது படிச்சவர் திண்ணையில உக்காந்து சத்தமா வாசிக்கிறது. ரகசியம்னு ஒண்ணுமே கிடையாது. நடுவுல பிரிட்டிஷ் சென்சார் வேற. ஹோவெல்னு ஒரு ஐ.சி.எஸ். அதிகாரி, சின்னக் குழுவை வெச்சுக்கிட்டுப் படிச்சார். பெரும்பாலான கடிதங்களை நிறுத்தல. படிச்சு, முக்கியமான வரிகளை இங்கிலீஷ்ல மொழிபெயர்த்து லண்டனுக்கு ரிப்போர்ட் அனுப்பிட்டு, கடிதத்தை ஊருக்கு விட்டுடுவாங்க. ஊருக்குப் போன கடிதம் கரையானுக்குப் போச்சு. உளவு பாத்த நகல் இன்னைக்கும் பிரிட்டிஷ் நூலகத்துல இருக்கு!

சிப்பாய்க்கும் சென்சார் இருக்கறது தெரியும். அதனால சங்கேதம். ஒருத்தர் எழுதறார்: கருப்பு மிளகு தீர்ந்துபோச்சு, இப்ப சிவப்பு மிளகாயைப் போடறாங்க, ஆனாலும் எப்பவாவது மிளகும் உபயோகமாகுது. மிளகுன்னா இந்தியர், மிளகாய்னா வெள்ளைக்காரன். இதை உடைக்கிறதுக்குத் துப்பறியும் சாம்பு எல்லாம் தேவையில்ல, ஹோவெல் ஆளுங்களுக்கும் புரிஞ்சிடுச்சு.

இதைவிட ஒண்ணு இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்சது. சிலர் வீட்டுக்கு எழுதி, சேங்கொட்டை அனுப்பச் சொன்னாங்க. ஆமா, வண்ணார் துணிக்குக் குறி போடற அதே சேங்கொட்டை. அந்தப் பால் தோல்ல பட்டா புண்ணாகி வீங்கிப்போகும்னு நம்ம கிராமத்துல எல்லாருக்கும் தெரியும். பிரான்ஸ் டாக்டருக்கு எப்படித் தெரியும்? உடம்பு முடியலன்னு படுத்துக்கலாம்ல! கோழைத்தனம்னு கமெண்ட் போடறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம். இவங்க பயந்தது அடிபடறதுக்கு இல்ல. அடிபட்டு, ஆஸ்பத்திரியில தேறி, மறுபடி அதே பதுங்குகுழிக்கு அனுப்பறாங்களே, அதுக்கு. கடிதத்துக்குக் கடிதம் இந்தப் புலம்பல்தான்: காயம்பட்டவனையாவது வீட்டுக்கு விடக்கூடாதா? இங்கிலாந்துல, பிரைட்டன் ஊர் ஆஸ்பத்திரியில ஒரு ராணுவ டாக்டர், சிப்பாய்கள் தங்களைத் தாங்களே சுட்டுக்கறாங்களான்னு ஆயிரம் காயங்களை ஆராய்ஞ்சார். அந்தச் சந்தேகத்துக்கு ஆதாரம் இல்லன்னுதான் முடிவு வந்துச்சு.

அதே ஊர்ல ராஜா மாளிகையையே ஆஸ்பத்திரியாக்கி, சாதி மதம் பாத்து ஒன்பது சமையலறை வெச்சாங்க, ஃபோட்டோ எடுத்து ஊரெல்லாம் பரப்பினாங்க. நல்ல ஏற்பாடுதான், குறை சொல்லல. ஆனா அவங்க கேட்டது சமையலறை இல்லையே.

1915 மார்ச் 10, பிரான்ஸ்ல நவ் ஷப்பேல் சண்டை. அங்க இருக்கிற நினைவுச்சின்னத்துல, கல்லறையே கிடைக்காத 4,700-க்கும் மேற்பட்ட இந்தியர்களோட பேர் இருக்கு. இது மகாபாரத யுத்தம், உலகமே முடியப்போகுதுன்னு எழுதினவங்க உண்டு. எழுதிட்டு, அடுத்த வரியிலேயே நிலம் அடமானம் என்னாச்சு, தங்கச்சி கல்யாணம் என்னாச்சுன்னு கேக்கறாங்க. தைரியம்னா எனக்கு அந்த அடுத்த வரிதான்.

1915 கடைசியில பிரான்ஸ்லேர்ந்து காலாட்படையை எடுத்தாங்க. ஊருக்குன்னுதானே நினைக்கிறீங்க? இல்ல, பெரும்பாலானவங்களை மெசபடோமியாவுக்கு, அதாவது இன்னைய இராக்குக்கு. அங்க கூட்னு ஒரு ஊர்ல முற்றுகையில சிக்கின பிரிட்டிஷ் இந்தியப் படையை மீட்கப் போனாங்க, முடியல. அந்தக் கதை அடுத்த வீடியோ, குதிரைக் கறி சாப்பிட மாட்டேன்னு பட்டினி கிடந்தவங்க கதை.

உங்க வீட்டு டிரங்குப் பெட்டியில தாத்தாவோ சித்தப்பாவோ ராணுவத்திலேர்ந்து போட்ட இன்லேண்ட் லெட்டர் இருந்தா, அதுல முதல்ல என்ன கேட்டிருக்காங்கன்னு கமெண்ட்ல போடுங்க. மாடா, மழையா, சாப்பாடான்னு நானும் எண்ணிப் பாக்கறேன்.