கடைசி வரிசையிலிருந்து தலைமை நாற்காலி வரை: ஆஸ்திரேலியப் பூர்வகுடி மாணவர்கள்

[காட்சி: ஒரு தொடக்கப்பள்ளி வகுப்பறை. கடைசி வரிசையில் ஆறு வயதுச் சிறுமி. ஆசிரியை பேசுகிறார், ஒலி மங்கிக் கேட்கிறது.]

இந்த ஒலியைக் கொஞ்சம் கூர்ந்து கேளுங்கள். தண்ணீருக்கு அடியிலிருந்து யாரோ பேசுவதுபோல் இருக்கிறதா? ஒலிப்பதிவில் கோளாறு எதுவும் இல்லை. கடைசி வரிசையில் இருக்கும் அந்தச் சிறுமிக்கு ஆசிரியையின் குரல் ஏறக்குறைய இப்படித்தான் கேட்கிறது. அவளுடைய செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருக்கிறது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. அதனால் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. "நோட்டை எடுங்கள்" என்று ஆசிரியை சொல்கிறார். பக்கத்தில் இருக்கும் பிள்ளைகள் எடுப்பதைப் பார்த்து அவளும் எடுக்கிறாள், ஒரு கணம் பிந்தி. ஆண்டு முடிவில் அவளைப் பற்றிய அறிக்கையில் "கவனம் போதாது" என்று எழுதப்படுகிறது.

இந்தச் சிறுமி நான் கற்பனை செய்தவள். ஆனால் அவளைப் போன்ற பிள்ளைகள் ஆஸ்திரேலியாவின் தொலைதூரப் பூர்வகுடிக் கிராமங்களில் நிறைய இருக்கிறார்கள். நடுச்செவியில் நாள்பட்டுச் சீழ் வடியும் நோய் ஒரு மக்கள் கூட்டத்தில் 4 சதவீதத்தைத் தாண்டினாலே அது அவசரமாகக் கவனிக்க வேண்டிய பெரும் சுகாதாரப் பிரச்சினை என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்திருக்கிறது. அந்தக் கிராமங்களின் குழந்தைகளிடம் இந்நோய் அந்த எல்லையை வெகுவாகத் தாண்டியிருக்கிறது. நெருக்கடியான வீடுகளும், மருத்துவமனைக்கு இருக்கும் தொலைவும், பிறந்த சில மாதங்களிலேயே தொற்றிக்கொள்ளும் கிருமியும் இதற்குக் காரணங்கள். குழந்தைக்கும் அதன் பெற்றோருக்கும் இதில் எந்தக் குற்றமும் இல்லை.

பூர்வகுடி மாணவர்களைத் தலைமைப் பதவிகளுக்குக் கொண்டுவருவது பற்றிப் பேச வந்துவிட்டு ஏன் காதில் தொடங்குகிறேன் என்று நீங்கள் கேட்கலாம். மாணவர் ஆதரவு என்றதும் பலர் மனதில் உதவித்தொகைதான் வருகிறது. காசோலை, மேடை, கைகுலுக்கல், புகைப்படம். பணம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் மாணவர்கள் கைநழுவிப் போவது ஒரு கட்டத்திலிருந்து இன்னொரு கட்டத்துக்கு மாறும் இடங்களில்தான். வீட்டிலிருந்து வகுப்பறைக்கு, கிராமத்திலிருந்து விடுதிக்கு, பள்ளியிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு, பட்டத்திலிருந்து வேலைக்கு. அந்த ஒவ்வொரு இடத்திலும் கை கொடுக்க ஆள் இருக்கிறதா என்பதே கேள்வி.

[காட்சி: ஆஸ்திரேலிய வரைபடம். பல நிறங்களில் நூற்றுக்கணக்கான மொழிப் பகுதிகள்.]

பூர்வகுடியினர் என்று நான் சொல்வது ஆஸ்திரேலியப் பழங்குடியினரையும் டோரஸ் நீரிணைத் தீவு மக்களையும். இவர்கள் சேர்ந்து 2021 கணக்குப்படி ஏறத்தாழ 10 லட்சம் பேர். நாட்டு மக்கள்தொகையில் 3.8 சதவீதம். ஐரோப்பியர்கள் வந்தபோது அங்கே 250க்கும் மேற்பட்ட மொழிகள் இருந்தன.

பள்ளிக்கூடத்தின் மீது இவர்களுக்கு ஏன் தயக்கம் என்று புரிந்துகொள்ள ஓர் ஆண்டை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: 1972. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், ஊரார் எதிர்த்தால் பூர்வகுடிக் குழந்தையைச் சேர்க்க மறுக்கலாம் என்ற அதிகாரம் தலைமையாசிரியர்களுக்கு அந்த ஆண்டுவரை இருந்தது. அப்படித் திருப்பி அனுப்பப்பட்ட சிறுமி இன்று ஒரு பாட்டி. பேரனைப் பள்ளி வாசலில் விடும்போது அவர் கை ஒரு கணம் தயங்கினால், அந்தத் தயக்கத்துக்கு நியாயம் இருக்கிறது. பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து எடுத்துச்சென்ற காலமும் அதே தலைமுறைகளின் நினைவில்தான் இருக்கிறது. அதற்கு அரசு நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது 2008 பிப்ரவரியில்.

அந்த இருண்ட காலத்திலேயே ஒருவர் மேலே வந்தார். சார்ல்ஸ் பெர்கின்ஸ் 1936இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோதே தாயைப் பிரிந்து அடிலெய்டில் ஒரு விடுதியில் வளர்ந்தார். தொழிற்பயிற்சி பெற்றுப் பட்டறையில் வேலை பார்த்தார். பிறகு கால்பந்து ஆடிச் சம்பாதித்தபடியே சிட்னி பல்கலைக்கழகத்தில் படித்தார். படித்துக்கொண்டிருந்தபோதே, 1965 பிப்ரவரியில், சுமார் 30 மாணவர்களுடன் ஒரு பஸ்ஸில் சிற்றூர்களுக்குப் போனார். மோரி என்ற ஊரில் அப்போது பூர்வகுடிக் குழந்தைகளை நகராட்சி நீச்சல் குளத்துக்குள் விடுவதில்லை. குழந்தைகளை அழைத்துக்கொண்டு அதன் வாசலில் போய் நின்றார். 1966இல் பட்டம் பெற்றார். 1984இல் பூர்வகுடி விவகாரத் துறையின் செயலரானார்; ஒரு மத்திய அரசுத் துறைக்குத் தலைமை தாங்கிய முதல் பூர்வகுடி மனிதர் அவர்தான். எனக்கு அவர்மேல் அளவற்ற மரியாதை உண்டு. ஆனால் ஒரு மாணவன் பட்டம் வாங்க இத்தனை மனவலிமை வேண்டியிருக்கிறது என்றால் அந்த ஏற்பாட்டில் கோளாறு இருக்கிறது. சாதாரணத் திறமையும் சாதாரண உழைப்பும் உள்ள பூர்வகுடி மாணவரும் பட்டம் பெற முடிய வேண்டும். மற்ற மாணவர்கள் அப்படித்தானே பெறுகிறார்கள்?

[காட்சி: கடலோரம். ஓடைநீர் கடல்நீரோடு கலக்கும் இடத்தில் நுரை.]

இனி மொழி. நாட்டின் வடக்கு ஆட்சிப்பகுதியில் (நார்தர்ன் டெரிட்டரி), வடகிழக்கு ஆர்ன்ஹெம் நிலத்தில் யிர்கலா என்ற ஊரில் யோல்ங்கு மக்கள் வாழ்கிறார்கள். அங்கே பிள்ளைகள் பள்ளிக்கு வரும்போது ஆங்கிலம் அவர்களுக்கு வேற்றுமொழி. 1973இல் அந்த ஆட்சிப்பகுதியில் இருமொழிக் கல்வி தொடங்கியது. யோல்ங்கு மக்களிடம் 'கன்மா' என்றொரு சொல் இருக்கிறது: ஓடையின் நன்னீரும் கடலின் உப்புநீரும் சந்திக்கும் இடம். ஒன்று மற்றொன்றை விழுங்குவதில்லை. இரண்டும் சேர்ந்து நுரையாகப் பொங்குகின்றன. தங்கள் அறிவும் மேற்கத்திய அறிவும் வகுப்பறையில் அப்படிச் சந்திக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். இதை முன்வைத்தவர்களில் ஒருவர் மாண்டாவுய் யூனுப்பிங்கு. ஆர்ன்ஹெம் நிலத்துப் பூர்வகுடியினரில் பட்டம் பெற்ற முதல் மனிதர் அவர்; 1990இல் அதே யிர்கலா பள்ளிக்குத் தலைமையாசிரியரானார்; உலகம் அறிந்த பாடகரும்கூட.

2008இல் அந்த ஆட்சிப்பகுதியின் அரசு, நாளின் முதல் நான்கு மணி நேரம் ஆங்கிலத்தில்தான் கற்பிக்க வேண்டும் என்று அறிவித்தது. யிர்கலாவின் ஆசிரியர்களும் மூத்தோரும் தங்கள் வழியை விட்டுக்கொடுக்க மறுத்தார்கள். 2020இல் அந்தப் பள்ளியிலிருந்து 8 மாணவர்கள் பல்கலைக்கழகத்தில் சேர்வதற்கான தரவரிசை மதிப்பெண்ணுடன் தேறினார்கள். அந்த ஊரின் வரலாற்றில் அதுவே முதல்முறை. தாய்மொழி படிப்புக்குத் தடை என்று சொல்பவர்களுக்கு இந்த 8 பேரைத்தான் நான் காட்டுவேன்.

எல்லா ஊரிலும் மேல்நிலைப் பள்ளி கிடையாது. அங்கே பிள்ளைகள் பதின்மூன்று வயதில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, நகரத்து விடுதிப் பள்ளிக்குப் போகிறார்கள். 1969இல் தொடங்கிய 'ஆப்ஸ்டடி' என்ற அரசு உதவி கட்டணத்தையும் பயணச் செலவையும் பெருமளவு தாங்குகிறது. ஏக்கத்தை அதனால் தாங்க முடியாது. ஊரில் ஒரு பெரியவர் இறந்தால் உறவினர் எல்லாரும் கூடித் துக்கச் சடங்குகளை நடத்த வேண்டும். அது பல நாட்கள், சில சமயம் வாரங்கள் நீளும். போகாமல் இருப்பது உறவையே அறுத்துக்கொள்வதற்குச் சமம். போனால் வருகைப் பதிவு குறையும், தேர்வு தவறும். இந்த இடத்தில் விடுதிக் காப்பாளராக ஒரு பூர்வகுடிப் பெண்மணி இருந்தால் போதும்: "போய் வா, பாடத்தை நான் ஆசிரியரிடம் பேசிக்கொள்கிறேன்" என்பார். இந்த ஒரு வாக்கியத்தால் படிப்பைத் தொடர்பவர்கள் உண்டு. அதைச் சொல்ல ஆளில்லாமல் திரும்பி வராதவர்களும் உண்டு.

பல்கலைக்கழகங்களில் நிலைமை ஓரளவு மாறியிருக்கிறது. பூர்வகுடி மாணவர்களுக்கென்று தனி மையங்கள் அநேகமாக எல்லாவற்றிலும் இருக்கின்றன: படிக்க ஓர் அறை, துணைப்பாடம் சொல்லித்தர ஆள், தேநீர் போட்டுக்கொண்டு மனம்விட்டுப் பேச ஒரு மேசை. நியூகாசில் பல்கலைக்கழகம் 1980களின் நடுவிலேயே மருத்துவப் படிப்பில் பூர்வகுடி மாணவர்களுக்கு இடம் ஒதுக்கியது. தரம் போய்விடும் என்ற அச்சம் இப்படிப்பட்ட ஏற்பாடுகள் எல்லாவற்றையும் தொடரும். அங்கே படித்து 1990இல் தேறிய நூங்கர் இனத்துச் சாண்ட்ரா ஈட்ஸ், 2003இல் முனைவர் பட்டம் பெற்ற முதல் பூர்வகுடி மருத்துவரானார். 2020இல் கர்ட்டின் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியின் டீனானார். ஆஸ்திரேலிய மருத்துவப் பள்ளி ஒன்றுக்குப் பூர்வகுடி ஒருவர் டீனானது அதுவே முதல்முறை.

[காட்சி: அறுவை அரங்கு. காது நுண்ணோக்கி.]

தொடக்கத்தில் பார்த்த அந்தக் காதுக்கு வருவோம். வொரிமி இனத்தைச் சேர்ந்த கெல்வின் காங், ஆஸ்திரேலியாவின் முதல் பூர்வகுடி அறுவை மருத்துவர். அவர் தேர்ந்தெடுத்த துறை காது, மூக்கு, தொண்டை. அவருடைய தாய் செவிலியர். இரட்டையரான இரு அக்காக்களும் அவருக்கு முன்பே மருத்துவம் படித்தவர்கள். மருத்துவம் தன்னால் முடியுமா என்ற சந்தேகத்துக்கு அந்த வீட்டில் இடமே இருந்திருக்காது. அப்படி ஒரு அக்கா எல்லா வீட்டிலும் இருப்பதில்லை. வழிகாட்டித் திட்டங்கள் எல்லாம் அந்த அக்காவின் இடத்தை நிரப்பும் முயற்சிதான்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பூர்வகுடியினருக்கும் மற்றவர்களுக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்க 2020 ஜூலையில் கையெழுத்தான தேசிய ஒப்பந்தத்தின்படி, 2031க்குள் 20 முதல் 24 வயதுள்ள பூர்வகுடி இளைஞர்களில் 96 சதவீதம் பேர் பன்னிரண்டாம் வகுப்பையோ அதற்கு இணையான படிப்பையோ முடித்திருக்க வேண்டும். 2021இல் முடித்திருந்தவர்கள் 68.1 சதவீதம். 25 முதல் 34 வயதினரில் பள்ளிக்குப் பிந்தைய தொழிற்சான்றோ பட்டமோ பெற்றவர்கள் 47 சதவீதம், இலக்கு 70.

பட்டம் வாங்கியபின் என்ன ஆகிறது? இங்கேதான் பேச்சு சட்டென்று நின்றுவிடுகிறது. வேலை பெரும்பாலும் தெரிந்தவர் மூலம் கிடைக்கிறது. குடும்பத்தில் முதன்முதலாக அலுவலகம் போகும் ஒருவருக்கு அங்கே தெரிந்தவர் யார்? 2009இல் தொடங்கிய 'கேரியர்டிராக்கர்ஸ்' திட்டம் இந்த இடத்தைப் பிடித்தது. பூர்வகுடி மாணவர் ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் ஒரு நிறுவனத்தில் சம்பளத்துடன் பயிற்சி பெறுகிறார். முடிந்தவரை அதே நிறுவனத்தில், படிப்பு முடியும்வரை. பட்டம் கையில் வரும்போது அவரைப் பெயர் சொல்லி அழைக்க அங்கே பத்துப் பேர் இருக்கிறார்கள்.

உள்ளே போனபின் இன்னொரு சிக்கல். கணக்குப் பிரிவில் சேர்ந்த பெண்ணிடம் நல்லிணக்க வார விழாவை நடத்தச் சொல்கிறார்கள், பூர்வகுடிக் கொள்கை அறிக்கையைப் படித்துத் திருத்தச் சொல்கிறார்கள், யாரோ தவறாகப் பேசினால் விளக்கம் அளிக்கச் சொல்கிறார்கள். இதற்குச் சம்பளம் இல்லை, பதவி உயர்வில் மதிப்பும் இல்லை. கலாசாரச் சுமை என்று அங்குள்ளவர்கள் இதைச் சொல்கிறார்கள். மூன்றாண்டு கழித்துப் பார்த்தால், பெரிய கணக்குகளைக் கையாண்ட சக ஊழியர் மேலாளராகியிருப்பார். இவர் விழாக் குழுவில் இருப்பார்.

சிட்னியிலும் மெல்பர்னிலும் பெர்த்திலும் மேலாளர் பொறுப்பில் தமிழர்கள் பலர் இருக்கிறீர்கள். உங்கள் குழுவுக்கு ஒரு பூர்வகுடிப் பயிற்சியாளர் வந்தால், வாடிக்கையாளரைச் சந்திக்கப் போகும்போது அவரையும் அழைத்துச் செல்லுங்கள். விழா வேலை கொடுத்தால் அதைப் பணி மதிப்பீட்டில் எழுதுங்கள். துக்கத்துக்கு ஊருக்குப் போக விடுப்புக் கேட்டால், எத்தனை நாள் என்று கேட்பதற்கு முன் ஊர் எவ்வளவு தூரம் என்று கேளுங்கள்.

[காட்சி: விமான நிலையம். தோளில் பையுடன் ஓர் இளம்பெண், கையில் டிக்கெட். திரை மெல்ல மங்குகிறது.]