படிவத்தில் இடம்பெறாத உறவு

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் மன்றத் தலைவர் அவர்களே, பணிச்சுமைக்கு நடுவிலும் நேரம் ஒதுக்கி வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நூலகர் அம்மையார் அவர்களே, நெடுங்காலம் சீருடை அணிந்து பணியாற்றி ஓய்வுபெற்று இன்று சிறப்பு விருந்தினராக நம்மிடையே வீற்றிருக்கும் கர்னல் ஐயா அவர்களே, எனக்கு முன்பு பேசி அவையை நெகிழ வைத்த பேராசிரியர் அவர்களே, பெற்றோர்களே, ஆசிரியப் பெருமக்களே, இன்றைய பொருளுக்கு எல்லோரையும்விட அதிக உரிமை கொண்டவர்களாக அரங்கின் கடைசி வரிசையில் இடமின்றி நின்றுகொண்டிருக்கும் இளைஞர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

கர்னல் ஐயா அவர்கள் வீற்றிருக்கும் மேடையில் படைவாழ்வைப் பற்றி நான் பேசுவது முறையாகுமா என்று தலைவர் அவர்களிடம் கேட்டேன். "படைக்குப் போனவர்களைப் பற்றி ஐயா பேசுவார், அவர்களை நினைத்துக் கவலைப்படுகிறவர்களைப் பற்றி நீங்கள் பேசுங்கள்" என்று அவர் சொன்னார். எனக்கு இதைவிட உகந்த பணி வேறு இல்லை. வாய்ப்பளித்த தலைவர் அவர்களுக்கும், அழைப்பிதழில் என் பெயரை அச்சிட்டதோடு நில்லாமல் நேரில் வந்து அழைத்த செயலாளர் அவர்களுக்கும் என் நன்றி உரியது.

இரண்டு செய்திகளைச் சொல்ல வந்திருக்கிறேன். உயிர்த் தோழன் ஒருவன் படையில் சேரப்போகிறேன் என்று சொல்லும்போது நம்முடைய கவலையை அவனிடம் சொல்லலாமா என்பது ஒன்று. அவன் போன பிறகு நாம் செய்யக்கூடியது என்ன என்பது இரண்டு. இவ்விரண்டுக்கும் அடியில் நம் பெரியவர்கள் சொல்லிவைத்த ஒரு மொழி இருக்கிறது: உயிர் காப்பான் தோழன். என் பேச்சைக் கேட்டுப் பழகியவர்கள் இந்த முதுமொழியை எத்தனையோ மேடைகளில் என் வாயால் கேட்டிருப்பீர்கள். இன்றும் கேட்கப் போகிறீர்கள், ஏனெனில் தோழனின் உயிரை நாம் காக்க முடியாத தொலைவுக்கு அவன் போகிறபோதுதான் இந்த மொழி நம்மை உண்மையில் சோதிக்கிறது.

சென்ற ஆண்டு ஒரு கூட்டம் முடிந்து நான் படியிறங்கும்போது இளம்பெண் ஒருத்தி தயங்கித் தயங்கி என்னிடம் வந்தாள். சிறு வயது முதல் கூடவே படித்த தோழி படைப்பயிற்சிக்குப் போய்விட்டாள் என்று சொல்லித் தன் கைப்பேசியை எடுத்துக் காட்டினாள். "சாப்பிட்டாயா?", "தூங்கினாயா?", "கோபமா?", "ஒரு வார்த்தை போடு" என்று வரிசையாகச் செய்திகள் இருந்தன. ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒற்றை டிக். இரண்டாவது டிக் எதிலும் விழவில்லை. பயிற்சி முகாமில் கைப்பேசியை வாங்கி வைத்துவிடுவார்கள் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் ஒவ்வொரு நாளும் ஒரு செய்தி அனுப்பிக்கொண்டிருந்தாள். "அவள் அம்மாவுக்கு என்றால் யாராவது தகவல் சொல்வார்கள். எனக்கு யார் சொல்வார்கள்?" என்று அவள் கேட்டாள்.

அன்பர்களே, அந்தக் கேள்விக்கு எந்தப் படை அலுவலகத்திலும் விடை கிடையாது. படையில் சேருகிறவர் நிரப்பும் தாள்களில் நெருங்கிய உறவினர் யார் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் தாய், தந்தை, கணவன், மனைவி ஆகியோரின் பெயர்களே பெரும்பாலும் எழுதப்படுகின்றன. காயம் பட்டாலும், காணாமற் போனாலும், அதைவிடக் கொடியது நேர்ந்தாலும் செய்தி முதலில் அந்தப் பெயருக்கே போகும். அமெரிக்கப் படையில் சீருடை அணிந்த இருவர் அந்த வீட்டுக் கதவை நேரில் தட்டிச் சொல்கிறார்கள். அவ்வாறு சொல்லி 24 மணி நேரம் கழியும்வரை இறந்தவரின் பெயரைப் பொதுவில் வெளியிடுவதில்லை. குடும்பத்தின் துயரத்துக்குத் தரப்படும் அந்த மரியாதையை நான் வணங்குகிறேன். ஆனால் பத்து வயதிலிருந்து ஒரே பெஞ்சில் அமர்ந்தவன், முதல் பரீட்சைத் தோல்வியை அப்பாவுக்கு முன்பாகத் தெரிந்துகொண்டவன், அந்த 24 மணி நேரத்தில் எங்கே நிற்கிறான்? அவனுடைய கவலைக்கு ஒரு கட்டம் இல்லை, ஒரு கோடு இல்லை, அடைப்புக்குறிக்குள் ஓர் இடம்கூட இல்லை.

இனி முதல் செய்திக்கு வருகிறேன். கவலையைச் சொல்லலாமா? சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஒரே ஒருமுறை, முடிவு உறுதியாவதற்கு முன்பு, தனியாக அமர்ந்து, முழுமையாகச் சொல்ல வேண்டும். அதன் பிறகும் அவன் போவதாகத் தீர்மானித்தால், புறப்படும் நாளன்று ரயில் நிலையத்தில் மறுபடியும் "போகாதே" என்று கையைப் பிடித்து இழுப்பது அவனுக்குச் செய்யும் உதவி ஆகாது. அச்சம் அவனுக்கும் இருக்கிறது. தன் அச்சத்தையும் தூக்கிக்கொண்டு நம்முடைய அச்சத்தையும் தூக்கிக்கொண்டு அவன் வண்டி ஏற வேண்டியதில்லை.

வேறு சிலர், பிரிவைத் தாங்க முடியாமல், "நானும் உன்னுடன் சேர்ந்துவிடுகிறேன்" என்று கிளம்புகிறார்கள். முதல் உலகப் போர் மூண்ட 1914-ஆம் ஆண்டு பிரிட்டனில் இதையே அரசு ஊக்குவித்தது. ஒரே ஊரிலிருந்தும் ஒரே ஆலையிலிருந்தும் சேர்ந்து வரும் நண்பர்கள் ஒரே அணியில் சேர்ந்தே பணியாற்றலாம் என்று வாக்களித்தார்கள். நண்பர் படையணிகள் என்றே அவற்றுக்குப் பெயர் வந்தது. அக்ரிங்டன் என்ற சிறு நகரத்தின் பெயரைத் தாங்கிய அணி 1916 ஜூலை 1 அன்று பிரான்சின் சோம் போர்முனையில் முன்னேறியது. ஏறத்தாழ 700 பேர் போனார்கள். அவர்களில் 584 பேர் இறந்தோ, காயமுற்றோ, காணாமலோ போனார்கள். பெரும்பகுதி இழப்பு முதல் அரை மணி நேரத்துக்குள் நேர்ந்தது. அடுத்தடுத்த வீடுகளில் ஒரே வாரத்தில் ஓலம் எழுந்தது. சேர்ந்து போனதால் நட்பு உயிரைக் காக்கவில்லை. உங்களுக்கென்று படை மீது பற்று இருந்தால் சேருங்கள், வாழ்த்துகிறேன். தோழனைக் கண்காணிப்பதற்காகச் சேராதீர்கள்.

அப்படியானால் உயிர் காப்பான் தோழன் என்ற சொல் பொய்யா? பொய் இல்லை என்பதற்கே நான் இத்தனை ஆண்டுகளாக ஊர் ஊராகக் கடிதம், கடிதம் என்று பேசி வருகிறேன். என் இரண்டாவது செய்தியும் அதுதான்: காகிதத்தில், கையால், மையில் எழுதிய கடிதம். கைப்பேசி நுழையாத இடத்திலும் அது நுழைகிறது. அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையின் பயிற்சி முகாமில் 13 வாரங்கள் ஓர் இளைஞனுக்கு வெளியுலகத்தோடு உள்ள பெருந்தொடர்பு அஞ்சல்தான். முதல் உலகப் போரில் பிரிட்டனின் படை அஞ்சல் வாரத்துக்கு 1 கோடியே 20 லட்சம் கடிதங்களைக் கையாண்டது. இரண்டாம் உலகப் போரில் கப்பலில் இடம் போதாதபோது, 1942-இல் அமெரிக்கர்கள் கடிதங்களைப் படம்பிடித்துச் சுருளாக்கி அனுப்பி, மறுகரையில் மறுபடி அச்சிட்டுக் கொடுத்தார்கள். 37 மூட்டைகள் பிடிக்கும் கடிதங்களை அவ்வாறு ஒரே மூட்டையில் அடக்கினார்கள். குண்டுக்கும் மருந்துக்கும் உணவுக்கும் இடம் போதாத கப்பலில் ஒரு தோழனின் "நலம், நலமறிய ஆவல்" என்ற வரிக்கு இடம் தேடினார்கள் என்றால், அந்த வரியின் மதிப்பைத் தளபதிகள் அறிந்திருந்தார்கள் என்றுதானே பொருள்?

இங்கே ஒரு வரலாற்றைச் சற்று விரித்துச் சொல்ல அவையோர் அனுமதிக்க வேண்டும். கர்னல் ஐயா அவர்களும் தலையசைக்கிறார்கள். 1945 பிப்ரவரி. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரம். ஐரோப்பாவில் போரிடும் அமெரிக்க வீரர்களுக்கு வந்த கடிதங்களும் பொட்டலங்களும் கிடங்குகளில் கூரை வரைக்கும் குவிந்து கிடந்தன. ஏறத்தாழ 1 கோடியே 70 லட்சம் உருப்படிகள். சில கடிதங்கள் ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடந்தன. படையணிகள் நாள்தோறும் இடம் மாறிக்கொண்டிருந்ததால் யார் எங்கே இருக்கிறார் என்று தேடிக் கண்டுபிடிக்க ஆளில்லை. அந்தக் குவியலின் முன்னால் வந்து நின்றவர்கள் 855 பெண்கள். 6888-ஆவது மத்திய அஞ்சல் முகவரிப் படையணி என்பது அவர்களின் பெயர். ஏறக்குறைய அனைவரும் கறுப்பினப் பெண்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் மேஜர் சாரிட்டி ஆடம்ஸ் என்ற இளம் அதிகாரி. ஆறு மாதத்தில் முடிக்க வேண்டும் என்று உத்தரவு.

கிடங்கில் வெப்பமூட்டும் வசதி இல்லை. வான்தாக்குதலுக்கு அஞ்சி ஜன்னல்களுக்குக் கறுப்பு பூசியிருந்தார்கள். மேலங்கியைக் கழற்றாமலேயே அந்தப் பெண்கள் வேலை செய்தார்கள். வீட்டிலிருந்து அனுப்பிய கேக் பொட்டலங்களை எலிகள் கடித்துக் கிழித்திருந்தன. இரவும் பகலுமாக மூன்று பணிமுறைகள் வகுத்துக்கொண்டார்கள். ஒரு பணிமுறைக்கு 65,000 உருப்படிகள். வீரர்களின் பெயர், எண், அணி ஆகியவற்றைக் குறித்து ஏறத்தாழ 70 லட்சம் அட்டைகளை ஒழுங்குபடுத்தினார்கள். ராபர்ட் ஸ்மித் என்ற பெயரில் மட்டும் 7,500 பேர் இருந்தார்களாம். இதையும் கேளுங்கள்: சில உறைகளின் மீது முழுப் பெயரே கிடையாது. "ஜூனியர், அமெரிக்கப் படை" என்று மட்டும் எழுதியிருந்தது. "பஸ்டர்" என்று செல்லப்பெயர் மட்டும் எழுதியிருந்தது. அப்படி எழுதியது யாராக இருக்கும்? அரசுப் பதிவேட்டில் உள்ள பெயர் அவனுக்கு உண்டு என்பதையே மறந்துபோகும் அளவுக்கு நெருங்கியவர்களாகத்தான் இருக்க முடியும். இந்தப் பெண்கள் அந்த உறைகளையும் ஒதுக்கித் தள்ளவில்லை. குறிப்புகளைத் தேடித் தேடி ஆளைக் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்தபோது அவன் இறந்துபோயிருந்தால், அந்தக் கடிதத்தை எழுதியவருக்கே திருப்பி அனுப்பும் வேலையும் அவர்களுடையதாக இருந்தது.

ஆறு மாத வேலையை மூன்று மாதத்தில் முடித்தார்கள். அஞ்சல் இல்லையேல் ஊக்கம் குன்றும் என்பதே அவர்கள் தங்களுக்கு வகுத்துக்கொண்ட முழக்கம். அமெரிக்க நாடாளுமன்றம் தன் தங்கப் பதக்கத்தை 2022-இல்தான் அவர்களுக்கு அறிவித்தது. சாரிட்டி ஆடம்ஸ் அதற்கு இருபது ஆண்டுகள் முன்பே, 2002-இல் காலமாகிவிட்டார். அந்தப் பெண்களுக்கு இந்த அவை ஒருமுறை கைதட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நன்றி, நன்றி.

இளைஞர்களே, உங்கள் கடிதத்துக்கு இன்றும் அப்படி ஒரு வழி திறந்திருக்கிறது. அமெரிக்காவில் ஏ.பி.ஓ., பிரிட்டனில் பி.எப்.பி.ஓ., இந்தியாவில் 56 ஏ.பி.ஓ., 99 ஏ.பி.ஓ. என்று படை அஞ்சலுக்கென முகவரி முறைகள் இருக்கின்றன. வீரர் நிற்கும் இடத்தின் பெயர் உறையில் தேவையில்லை. பெயரும் எண்ணும் அணியும் சரியாக இருந்தால் போதும். எனவே புறப்படுவதற்கு முன்பே நண்பரிடம் அஞ்சல் முகவரியைக் கேட்டு, அவர் கையாலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பயிற்சி முடிந்ததும் முகவரி மாறும், அதையும் கேளுங்கள். அவருடைய தாயாரிடமோ உடன்பிறந்தோரிடமோ நேரில் சென்று அறிமுகமாகி உங்கள் எண்ணைக் கொடுத்து வையுங்கள். செய்தி அந்த வீட்டுக்கு வரும், அந்த வீட்டிலிருந்து உங்களுக்கு வரும். அந்த இளம்பெண்ணுக்கும் நான் முதலில் சொன்னது இதுதான். தோழியின் அம்மாவுக்கும் பேசத் துணை இல்லாமல் இருந்தது என்று அவள் பின்னால் எனக்கு எழுதினாள். கடிதத்தில்தான் எழுதினாள் என்பதையும் மகிழ்ச்சியோடு சொல்லிக்கொள்கிறேன்.

என்ன எழுதுவது என்று பலர் கேட்கிறார்கள். சின்னச் செய்திகளை எழுதுங்கள். வகுப்பில் யாருக்குக் கல்யாணம் நிச்சயமானது, எந்த வாத்தியார் ஓய்வு பெற்றார், உங்கள் வீட்டுப் பூனை எத்தனை குட்டி போட்டது, எல்லாம் எழுதலாம். கடிதத்தின் தலையில் எண் இடுங்கள். ஐந்தாவது கடிதம் மூன்றாவதற்கு முன்னால் போய்ச் சேருவது படை அஞ்சலில் வாடிக்கை. எங்கே இருக்கிறாய், எப்போது நகர்கிறீர்கள் என்று கேட்காதீர்கள். பதில் சொல்ல முடியாத கேள்வி அவருக்குச் சங்கடம். உங்களுக்குப் பயமாக இருந்தால் "உன்னை நினைத்தால் பயமாக இருக்கிறது" என்று ஒரு வரி எழுதிவிட்டு மேலே செல்லுங்கள். அந்த ஒரு வரி நட்பில் நியாயமானது. நான்கு பக்கமும் அதுவே என்றால், பதுங்குகுழியில் இருப்பவர் உங்களுக்கு ஆறுதல் சொல்ல வேண்டியதாகிவிடும். பதில் வராத மாதத்திலும் எழுதுங்கள். பதில் வராத மாதத்தில்தான் உயிர் காப்பான் தோழன்.

தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். அவருக்கும் நூலகர் அம்மையாருக்கும் ஒரு வேண்டுகோளை இந்தப் பேரவையின் முன்னிலையில் வைக்கிறேன். நூலகத்தின் வாசிப்பு அறையை வாரத்தில் ஒரு மாலை, ஒரு மணி நேரம், படையில் இருப்போருக்குக் கடிதம் எழுதுவோருக்காகத் திறந்துவிட வேண்டும். தாளும் உறையும் அஞ்சல் தலையும் எங்கள் கடித வட்டத்தின் பொறுப்பு. மேசையும் விளக்கும் மட்டும் நீங்கள் தாருங்கள். உறையில் முகவரியைச் சரியாக எழுதக் கற்றுக்கொடுக்கக் கர்னல் ஐயா முதல் மாலைக்கு வருவதாக இப்போது என் காதில் சொன்னார்கள். அவருக்கு என் மனமார்ந்த நன்றி. நூலகர் அம்மையாரும் புன்னகைக்கிறார்கள். அதைச் சம்மதமாகவே எடுத்துக்கொள்கிறேன். கடைசி வரிசையில் நிற்பவர்கள் கலைந்து போகும் முன்பு, வாசலருகே மேசையில் இருக்கும் பதிவேட்டில் உங்கள் பெயரையும், அடுத்த நெடுவரிசையில், படைக்குப் போயிருக்கும் உங்கள் நண்பரின் பெயரையும் எழுதிவிட்டுச் செல்லுங்கள். செல்லப்பெயர் என்றாலும் எழுதுங்கள். வணக்கம்.