ஊருக்குள்ளேயே ஒரு வானொலி

நேயர்களுக்கு வணக்கம். குமரி மாவட்டத்துக்குச் சொந்தமாக ஒரு வானொலி வந்த கதையைச் சொல்லத்தான் வந்தேன். அதற்கு முன்னால் இலங்கையைத் தொட்டுவிடுகிறேன், அதைத் தொடாமல் எனக்குப் பேச வராது.

அந்தக் காலத்தில் எங்கள் வீட்டு வால்வு ரேடியோவுக்குத் தபாலாபீசில் லைசென்ஸ் கட்ட வேண்டியிருந்தது. மொட்டைமாடியில் இரண்டு கம்புக்கு நடுவே செம்புக்கம்பி ஏரியல். காற்றடித்தால் அப்பா மேலே ஏறுவார், நான் கீழே நின்று "வருது, வருது, போச்சு" என்று கத்துவேன். அவ்வளவும் இலங்கை வானொலிக்காக! பக்கத்து மாவட்ட நிலையத்தைவிடக் கடல் தாண்டிய நிலையம் தெளிவாகக் கேட்கும். காரணம் இருக்கிறது. வானொலியின் மத்திய அலை, அதாவது மீடியம் வேவ், தரையில் போனால் சீக்கிரம் தேய்ந்துவிடும், உப்புத் தண்ணீர் மேல் போனால் வெகுதூரம் போகும். நம் கடற்கரைக்காரர்களுக்குக் கடல் கொடுத்த கொடை அது.

சரி, நம் கதைக்கு வருவோம். 1963-இல் திருநெல்வேலி நிலையம் வந்தது. நல்ல நிலையம், குறை சொல்லவில்லை. ஆனால் அவர்கள் மழை வேறு, நம் மழை வேறு. ஜூனில் இங்கே ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு நின்றுபோகும், அங்கே வெயில் கொளுத்தும். நமக்குப் பேச்சிப்பாறை அணையில் எத்தனை அடி தண்ணீர் என்று தெரிய வேண்டும். 48 அடி அணையில் 44 என்றால் ஆற்றங்கரையில் இருப்பவன் மாட்டை அவிழ்த்து மேட்டில் கட்டுவான்.

அதனால்தான் 1984 அக்டோபர் 30-இல் நாகர்கோவிலில் நிலையம் தொடங்கியபோது ஊரே கொண்டாடியது. இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் நம்முடையது! மறுநாளே இந்திரா காந்தி சுட்டுக் கொல்லப்பட்டார், நாடெங்கும் வானொலியில் சோக இசை. பிறந்த மறுநாளே துக்கம் பார்த்த நிலையம்.

மறுபடியும் சொல்கிறேன், உள்ளூர் என்பதுதான் விஷயம். வடசேரிச் சந்தை விலையும் தோவாளைப் பூ விலையும் நமக்குத்தான் செய்தி, சென்னைக்காரருக்கு அதில் என்ன இருக்கிறது?

நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். பண்பலை பற்றி நிறைய வைத்திருந்தேன், ஒன்று மட்டும். அது நேர்கோட்டில் போகிற அலை; மலை மறைக்கும், ஆழ்கடலுக்கும் எட்டாது. 2017 ஒக்கிப் புயலின்போது தூரக்கடலில் கிடந்த நம் ஆட்களுக்கு எந்தப் பண்பலையும் கேட்டிருக்காது. படகில் எந்தக் கருவி வேண்டும் என்பதை இன்னொரு நாள் பேசுகிறேன். வணக்கம்.