வாசிக்கிறவரின் நேரம்

வணக்கம் நேயர்களே.

ஹட்டன், பதுளை, பண்டாரவளை என்று எங்கே போனாலும் இப்போது கணினி நிரல் எழுதப் பழகும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். லயத்து அறையில், தம்பி தங்கச்சி படித்து முடித்த மேசையின் ஓரத்தில், போனிலிருந்து இணைய இணைப்பை எடுத்துக்கொண்டு எழுதுகிறார்கள். அவர்களுக்கு நான் விடாமல் சொல்வது ஒன்றுதான். திறந்த மூல மென்பொருளுக்குள் வாருங்கள். அதற்குக் கொழும்புக்குப் போக பஸ் காசு வேண்டாம், சிபாரிசுக் கடிதமும் வேண்டாம்.

திறந்த மூலம் என்றால் என்ன? மென்பொருளின் நிரலை யாரும் பார்க்கலாம், எடுத்துத் திருத்தலாம். உங்கள் கையில் இருப்பது அண்ட்ரொய்ட் போன் என்றால், அதன் அடியில் ஓடுவது லினக்ஸ் என்ற இயங்குதளக் கரு. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பின்லாந்து மாணவர் தொடங்கியது. இதெல்லாம் வெளிநாட்டுக்காரர் வேலை என்று நினைக்கவேண்டாம். 2004 சுனாமிக்குப் பிறகு காணாமல் போனவர்களையும் முகாம்களையும் நிவாரணப் பொருட்களையும் பதிவுசெய்ய நம் நாட்டுத் தன்னார்வலர்கள் எழுதியதுதான் சஹானா. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2006ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருதை அதற்குத்தான் கொடுத்தது.

சரி, விஷயத்துக்கு வருவோம். நிரலை எடுத்துத் திருத்துவது சுலபம். திருத்தியதை மூலப் பிரதிக்குள் சேர்க்க வைப்பதுதான் கஷ்டம். ஒவ்வொரு திட்டத்துக்கும் பராமரிப்பாளர் என்று ஒருவரோ சிலரோ இருப்பார்கள். அவர்கள் வாசித்து, சரி என்று சொன்னால்தான் உள்ளே போகும். நாலு வரித் திருத்தம் என்றால் அன்றைக்கே சேர்ந்துவிடலாம். ஆயிரக்கணக்கான வரிகள் என்றால்?

எனக்குத் தெரிந்த ஒரு மாணவியின் அனுபவத்தைச் சொல்கிறேன். தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. நூலகங்களுக்கான ஒரு திறந்த மூல மென்பொருளில் தமிழ்ப் புத்தகங்களின் பட்டியல் தப்பாக வருவதைக் கண்டுபிடித்தாள். மரம், மலை, மறை. இந்த மூன்று சொல்லையும் அகராதியில் தேடினால் இதே வரிசையில்தான் இருக்கும், ஏனென்றால் நம் நெடுங்கணக்கில் ற கடைசிக்கு முன் எழுத்து. ஆனால் கணினி ஒவ்வொரு எழுத்துக்கும் வைத்திருக்கும் யூனிகோட் எண்களில் ர பக்கத்திலேயே ற இருக்கிறது. அந்த எண்களை மட்டும் பார்த்து அடுக்கினால் மரம், மறை, மலை என்று வந்துவிடும். நூலகத்தில் புத்தகம் தேடுகிறவருக்கு இது எவ்வளவு தொல்லை என்று யோசித்துப் பாருங்கள்.

அவள் உட்கார்ந்து எழுதினாள். வரிசைப்படுத்தும் பகுதியைப் புதிதாக எழுதினாள். திரைகளையும் மாற்றினாள். போகிற போக்கில், கண்ணில் பட்ட கோப்புகளில் எல்லாம் இடைவெளிகளையும் ஒழுங்குபடுத்தினாள். சில ஆயிரம் வரிகள். எல்லாவற்றையும் ஒரே மாற்றமாக அனுப்பினாள். மாதக்கணக்கில் ஒரு பதிலும் இல்லை. தமிழ் என்பதால் ஒதுக்குகிறார்கள் என்று வீட்டில் சொன்னார்களாம்.

நான் அப்படி நினைக்கவில்லை. அந்தப் பக்கம் இருப்பவரை யோசித்துப் பாருங்கள். அவர் சம்பளம் வாங்காத தன்னார்வலர். பகல் முழுக்க வேறு வேலை. இரவில் திறந்தால் தெரியாத மொழி, தெரியாத ஆள், சில ஆயிரம் வரிகள். அதில் எது தமிழுக்கான மாற்றம், எது வெறும் இடைவெளி மாற்றம் என்று பிரிக்கவே ஒரு கிழமை போய்விடும். அதைவிடப் பெரிய கவலை ஒன்று அவருக்கு உண்டு. சேர்த்துக்கொண்ட பிறகு இந்தப் பிள்ளை பரீட்சை, வேலை என்று போய்விட்டால், அந்த நிரலில் வரும் ஒவ்வொரு பிழையும் அவர் தலையில்தான் விழும். பெரிய மாற்றத்தை ஏற்பது என்றால் அதைக் காலத்துக்கும் பார்த்துக்கொள்ளச் சம்மதிப்பது. அனுப்புகிறவர்கள் பலருக்கு இது தெரிவதில்லை, அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

கொழுந்து நிறுக்கிற இடத்தில் நின்றவர்களுக்கு இது புரியும். ஒரு கூடையைக் கொட்டினால் முற்றிய இலை எங்கே என்று கணக்கப்பிள்ளை உடனே பார்த்துவிடுவார். எல்லார் கொழுந்தையும் ஒரே குவியலாகக் கொட்டிவிட்டு இது நல்ல கொழுந்தா என்று கேட்டால் அவர் என்ன செய்வார்?

அப்புறம் அந்தப் பிள்ளை நிரலை ஓரமாக வைத்துவிட்டு ஒரு கேள்வியை எழுதினாள். மரம், மலை, மறை, இந்த மூன்று சொல்லும் உங்கள் மென்பொருளில் இப்படி வருகின்றன, இப்படி வரவேண்டும், எந்த வழியில் திருத்தினால் உங்களுக்குச் சரி? அவ்வளவுதான். இரண்டொரு நாளில் பதில் வந்துவிட்டது. யூனிகோட் அமைப்பு சொற்களை வரிசைப்படுத்த ஒரு தனி முறையே வைத்திருக்கிறது, அதில் தமிழ் நெடுங்கணக்கு சரியாக இருக்கிறது, அதை இணைத்தாலே போதும் என்றார் பராமரிப்பாளர். அவள் எழுதியதில் பெரும்பகுதி தேவையே இல்லை என்று ஆகிவிட்டது. மிச்சத்தைப் பிரித்தாள். முதலில் அந்த மூன்று சொல்லையும் வைத்து ஒரு சோதனை. பிறகு இணைப்பு. பிறகு ஒவ்வொரு திரையாக. எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே போயின. இப்போது இந்திய மொழிகள் பற்றி யார் எதை அனுப்பினாலும் அவளிடம்தான் கருத்துக் கேட்கிறார்கள்.

இனி நான் எங்கே பேசினாலும் சொல்லாமல் விடாத கதை. லினக்ஸில் நிகழ்நேர வசதி என்று ஒன்று. தொழிற்சாலையில் லேசரால் உலோகம் வெட்டும் இயந்திரத்துக்கு, சராசரியாக வேகமாக இருந்தால் போதாது. இந்த நேரத்துக்குள் கட்டாயம் பதில் வரும் என்ற உத்தரவாதம் வேண்டும். இதை லினக்ஸுக்குள் கொண்டுவர 2004 வாக்கில் இங்கோ மோல்னார், தோமஸ் கிளைக்ஸ்னர் போன்றவர்கள் வேலையைத் தொடங்கினார்கள். லினக்ஸின் அடிமடியிலேயே கைவைக்கிற மாற்றம். மொத்தமாகக் கொடுத்திருந்தால் யாருமே வாங்கியிருக்க மாட்டார்கள்.

அவர்கள் என்ன செய்தார்கள்? தங்கள் வேலையில் மற்ற எல்லாருக்கும் உதவுகிற துண்டு எது என்று பார்த்தார்கள். 2006இல் மியூட்டெக்ஸ் என்ற பூட்டு முறை, அதாவது ஒரே தரவில் இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் கைவைக்காமல் தடுப்பது, உள்ளே போனது. 2007இல் மிக நுணுக்கமான நேரக்கணிப்பு. 2008இல் லினக்ஸின் உள்ளே நடப்பதைப் பின்தொடர்ந்து பார்க்கும் கருவி. இதில் எதையும் ஏற்க நிகழ்நேரத்தில் நம்பிக்கை வைத்திருக்கவேண்டிய அவசியமில்லை. பூட்டு நன்றாக இருக்கிறதா, இருக்கிறது, எடுத்துக்கொள்வோம். அப்படியே வருஷா வருஷம். நடுவில் பணமும் வற்றியது. 2015இல் லினக்ஸ் அறக்கட்டளை கைகொடுத்தது. கடைசித் தடை என்ன தெரியுமா? லினக்ஸ் தன் உள்ளே நடப்பதைச் செய்தியாக எழுதிக் காட்டும் பகுதி. இயந்திரம் செத்துக்கொண்டிருக்கும்போதும் என்ன நடந்தது என்று எழுதிவிடவேண்டிய பகுதி அது. அது மற்ற வேலைகளைத் தாமதப்படுத்தக் கூடாது, அதே நேரம் எழுதாமலும் இருக்கக் கூடாது. அதைத் திருத்தவே ஆண்டுக்கணக்கானது.

2024 செப்டெம்பரில், வியன்னாவில் நடந்த மாநாட்டில், இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற கடைசிக் கோரிக்கையைக் காகிதத்தில் அச்சிட்டு, தங்க நிறத் தாளில் சுற்றி, லினஸின் கையில் கொடுத்தார்கள். லினக்ஸ் 6.12இல் அது சேர்ந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டு! இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது. காத்திருந்தார்கள் என்பதற்காக இல்லை. அந்த இருபது ஆண்டும் ஒவ்வொரு துண்டாக மற்றவர்களுக்கு உபயோகமாக இருந்தார்கள் என்பதற்காக.

துண்டு துண்டாக என்று சொல்லும்போது ஒன்று முக்கியம். ஒவ்வொரு துண்டும் தனியாக ஓடவேண்டும். பாதியில் உடைந்து கிடந்துவிட்டு அடுத்த துண்டில் சரியாவது கூடாது. ஏன்? ஆயிரம் மாற்றங்களுக்குள் எங்கோ ஒரு பிழை நுழைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் உள்ளதை ஓட்டிப் பார்ப்பார்கள். அங்கேயே பிழை இருந்தால் முன்பாதியில் தேடுவார்கள், இல்லையென்றால் பின்பாதியில். இப்படிப் பாதி பாதியாகக் குறைத்தால் பத்துச் சோதனையில் பிழையைக் கொண்டுவந்த மாற்றம் அகப்பட்டுவிடும். நிரலின் மாற்றங்களை ஒவ்வொன்றாகப் பதிந்துவைக்க 2005இல் லினஸ் எழுதிய கிட் என்ற கருவியில் இதற்கென்றே ஒரு கட்டளை இருக்கிறது. நடுவில் ஓடாத துண்டு ஒன்று கிடந்தால் இந்தத் தேடலே குழம்பிப்போகும். லினக்ஸின் வழிகாட்டிக் குறிப்பு இன்னும் ஒன்று சொல்கிறது. துண்டுகள் நிறைய இருந்தால் ஒரு தடவைக்குப் பதினைந்து போல அனுப்பிவிட்டுக் காத்திருங்கள். வாசிக்கிறவரின் நேரத்தைப் பாருங்கள். நான் முதலிலிருந்து சொல்வதும் இதைத்தான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரமாகிவிட்டதாம். உரிமை பற்றி விரிவாகப் பேச இருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லினக்ஸுக்கு அனுப்பும் ஒவ்வொரு மாற்றத்தின் கீழும் உங்கள் பெயரில் ஒரு வரி போடவேண்டும். இதை அனுப்ப எனக்கு உரிமை உண்டு என்று அதற்கு அர்த்தம். ஆகவே வேலை செய்யும் இடத்தில் எழுதிய நிரல் என்றால், முதலில் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வேறெங்காவது எடுத்த நிரல் என்றால் அதன் உரிமத்தை வாசியுங்கள். பெரிய மாற்றம் என்றால் இதை முதல் நாளே பார்த்துவிடுங்கள், எல்லாம் எழுதி முடித்த பிறகு பார்த்தால் திருத்த வழியிருக்காது. கேட்டுக்கொண்டிருந்த எல்லாருக்கும் நன்றி, வணக்கம்.